வினைல் ஸ்டிக்கர் தொழில் (பள்ளிபாளையம் வட்டாரம்)

வினைல் ஸ்டிக்கர் தொழில் என்பது, பின்புறம் பசை பூசப்பட்ட நெகிழிப் படலத்தை எழுத்தாகவும் உருவமாகவும் வெட்டி, வாகனம், கடைக் கண்ணாடி, பெயர்ப்பலகை, இயந்திரம் முதலியவற்றில் ஒட்டித் தரும் சிறுதொழில் ஆகும். இக்கடைகளைத் தமிழகத்தில் ‘ஸ்டிக்கர் கடை’ என்றும் ‘ரேடியம் கடை’ என்றும் அழைப்பர்.

நாமக்கல் மாவட்டத்தில் காவிரியின் கிழக்குக் கரையில், ஈரோட்டுக்கு நேர் எதிரே அமைந்துள்ள ஊர் பள்ளிபாளையம். விசைத்தறி, காகித ஆலை, சர்க்கரை ஆலை ஆகியவற்றால் அறியப்படும் ஊர் இது. இதைச் சுற்றியுள்ள ஊர்கள் வண்டித் தொழிலுக்குப் பெயர் பெற்றவை. லாரிக்குப் பாடி கட்டுதலுக்கும் எரிவாயு டேங்கர் லாரிகளுக்கும் நாமக்கல்லும், ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளுக்குத் திருச்செங்கோடும், சரக்கு லாரிகளுக்குச் சங்ககிரியும் அறியப்பட்டவை. ஆகவே இவ்வட்டாரத்தில் ஸ்டிக்கர் என்பது அழகுக்கு ஒட்டும் பொருளாக மட்டும் இருப்பதில்லை. இரவில் சாலையோரம் நிற்கும் லாரியைப் பின்னால் வருபவருக்குக் காட்டுவதும், கவிழ்ந்த டேங்கரில் என்ன இருக்கிறது என்று தீயணைப்பு வீரருக்குச் சொல்வதும் அதுவே.

தூரிகையும் படலமும்

முன்பு வண்டி எழுத்தும் கடைப் பலகையும் எனாமல் பெயின்ட்டும் தூரிகையும் கொண்டு ஓவியர்களால் எழுதப்பட்டன. வினைலின் மூலப்பொருளான பி.வி.சி. இயல்பில் விறைப்பானது. அமெரிக்காவின் பி.எப்.குட்ரிச் நிறுவனத்தில் பணியாற்றிய வால்டோ செமன் 1926இல் அதை வளையும் தன்மையுடையதாக்கினார். கணினி சொல்லும் கோட்டில் கத்தியை நகர்த்தி வினைலை வெட்டும் இயந்திரத்தை, அமெரிக்காவின் கெர்பர் நிறுவனம் 1983இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. ‘கட்டிங் பிளாட்டர்’ எனப்படும் இன்றைய இயந்திரங்கள் அதே வழியில் வந்தவை.

இம்மாற்றத்தால் தூரிகை ஓவியர் பலர் வேலை இழந்தனர். சிலர் கணினி கற்று இதே தொழிலுக்குள் வந்தனர். எழுத்துக்கு எழுத்து எவ்வளவு இடைவெளி விடுவது, எந்த நிறத்தின்மேல் எந்த நிறம் எடுபடும் என்னும் அவர்களின் கண்பழக்கம் இன்றும் இத்தொழிலுக்குத் தேவைப்படுகிறது.

‘ரேடியம்’ என்னும் பெயர்

ரேடியம் ஸ்டிக்கரில் ரேடியம் இல்லை. ரேடியம் 1898இல் கண்டறியப்பட்ட கதிரியக்கத் தனிமம். அது கலந்த சாயம் ஒரு காலத்தில் கைக்கடிகார முகப்புகளில் பூசப்பட்டு இருட்டில் ஒளிர்ந்தது. அதன்பின் இரவில் மின்னும் பொருள் எதுவானாலும் மக்கள் வழக்கில் ‘ரேடியம்’ ஆகிவிட்டது.

இன்றைய ரேடியம் ஸ்டிக்கர் தானாக ஒளிர்வதில்லை. அதன் படலத்துக்குள் நுண்ணிய கண்ணாடி மணிகளோ முப்பட்டக வடிவங்களோ உள்ளன. இவை தம்மேல் விழும் ஒளியை, அது எந்தத் திசையிலிருந்து வந்ததோ அதே திசைக்குத் திருப்பி அனுப்புகின்றன. எனவே முகப்பு விளக்கு பாய்ச்சிக்கொண்டு வரும் ஓட்டுநரின் கண்ணுக்கு, விளக்கு இல்லாமல் நிற்கும் லாரியும் தெரிகிறது.

பகலில் சாதாரணச் சிவப்பு வினைலும் ஒளி திருப்பும் சிவப்புப் பட்டையும் ஏறத்தாழ ஒன்றுபோலவே தோன்றும். இரவில் முன்னது கறுத்துவிடும். வாங்குபவர் இதை எளிதில் சோதிக்கலாம். இருட்டில் சில அடி தள்ளி நின்று, டார்ச் விளக்கைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பாய்ச்ச வேண்டும். நல்ல பட்டை பளிச்சென்று மின்னும். கைப்பேசியில் பிளாஷ் போட்டுப் படம் எடுத்தாலும் வேறுபாடு தெரிந்துவிடும்.

படலமும் பசையும்

வினைல் படலம் இரு வகைப்படும். முதல் வகை, சூடான உருளைகளுக்கு இடையே சப்பாத்தி மாவைப்போல அழுத்தித் தேய்த்து உருவாக்கப்படுவது. இழுத்துத் தேய்க்கப்பட்டதால் அதற்குள் ஓர் இழுவிசை தங்கிவிடும். வெயிலில் நாளாக ஆக அது சுருங்கும். எழுத்தின் ஓரத்தில் பசை வெளியே தெரிந்து, தூசி படிந்து கறுப்புக் கோடாக மாறும். இது விலை குறைவு. சமமான பலகை, கண்ணாடி, சில மாதம் மட்டுமே தேவைப்படும் அறிவிப்பு ஆகியவற்றுக்கு இதுவே போதும்.

இரண்டாம் வகை, திரவமாக ஊற்றிப் பரப்பிச் சூட்டில் உலர்த்தப்படுவது. இதில் இழுவிசை இல்லாததால் எளிதில் சுருங்காது. ஆணித்தலை, வளைவு, மடிப்பு ஆகியவற்றின் மேல் படிந்து ஒட்டும். இதன் தடிமன் சுமார் 50 மைக்ரான். முதல் வகை பெரும்பாலும் 70 முதல் 100 மைக்ரான் வரை இருக்கும். ஆகவே ‘மைக்ரான் கூடினால் தரம் கூடும்’ என்னும் நம்பிக்கை வினைலுக்குப் பொருந்தாது. லாரிப் பாடிக்கும் ரிக் வண்டிக்கும் மெல்லிய இரண்டாம் வகையே நீடித்து நிற்கும்.

நிறமும் கவனிக்கத்தக்கது. பொதுவாகச் சிவப்பும் மஞ்சளும் விரைவில் வெளுக்கும். கறுப்பு நீண்ட நாள் நிற்கும். பசையிலும் நிலையாக ஒட்டுவது, பின்னர் எடுக்கக்கூடியது என இரு வகை உண்டு. தேர்தல், கோயில் விழா போன்ற குறுகிய கால வேலைக்கு இரண்டாவதைப் பயன்படுத்தினால் வண்டியின் பெயின்ட் கெடாது.

வெட்டும் முறை

எழுத்து முதலில் கணினியில், பெரும்பாலும் கோரல் டிரா மென்பொருளில் அமைக்கப்படுகிறது. பின்னர் அது கோட்டுருவமாக மாற்றப்படுகிறது. ஒன்றன்மேல் ஒன்று ஏறும் எழுத்துகளை ஒரே வடிவமாக இணைத்துவிட வேண்டும். இல்லையேல் கத்தி அந்த இடத்திலும் குறுக்கே வெட்டிவிடும்.

கத்தியின் ஆழம் வினைலை மட்டும் வெட்டி, அடியில் உள்ள தாளைத் தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும். ஆழம் கூடினால் தாள் கிழியும். குறைந்தால் எழுத்து பிரியாது. ஆகவே ஒவ்வொரு புது ரோலிலும் ஓரத்தில் ஒரு சிறு சதுரம் வெட்டிப் பார்ப்பது வழக்கம். வெட்டியபின் எழுத்தைச் சுற்றியும் எழுத்துக்குள்ளும் உள்ள வேண்டாத பகுதி இடுக்கியால் உரித்து எடுக்கப்படும். மீதமுள்ள எழுத்தின்மேல், எழுத்தை மொத்தமாகத் தூக்கும் டேப் ஒட்டப்படும்.

தமிழ் எழுத்தும் புள்ளியும்

தனித்தனியாக வெட்டப்படும் ஒவ்வொரு துண்டும் தன் சொந்தப் பசையின் பலத்தில்தான் நிற்கிறது. ‘பள்ளிபாளையம்’ என்னும் பெயரில் எழுத்துகள் ஏழு. வினைலில் வெட்டினால் பெரும்பாலான எழுத்துருக்களில் அது 11 துண்டுகள் ஆகும். காலும் ஐகாரக் கொம்பும் தனித்து நிற்கும். இரண்டு மெய்களின் புள்ளிகள் மேலும் இரண்டு துண்டுகள். இந்த 11 துண்டுகளில் மிகச் சிறியவை புள்ளிகளே. வண்டி கழுவும் தண்ணீரின் வேகத்துக்கும் துணி தேய்ப்புக்கும் முதலில் பறிபோவதும் அவையே.

ஆகவே தமிழ் வேலையில் சில முறைகளைக் கைக்கொள்வது நல்லது. புள்ளியின் அகலம் எழுத்துக் கோட்டின் தடிமனுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். சதுரப் புள்ளியைவிட வட்டப் புள்ளி நல்லது. ஏனெனில் மூலைகள்தான் முதலில் கிளம்பும். எழுத்து மிகச் சிறியதாக இருந்தால், தனித்தனியாக வெட்டாமல் முழுப் பெயரையும் ஒரே படலத்தில் அச்சிட்டு ஒட்டிவிடலாம்.

எழுத்துருவிலும் சிக்கல் உண்டு. தமிழக அரசு 2010இல் ஒருங்குறியை ஏற்றுக்கொண்டது. ஆயினும் பல கடைகளில் பழைய குறியீட்டு எழுத்துருக்களே புழங்குகின்றன. வாடிக்கையாளர் கைப்பேசியில் அனுப்பும் சொற்களைப் பழைய எழுத்துருவுக்கு மாற்றும்போது கொம்பு இடம் மாறுவதும் எழுத்து விடுபடுவதும் உண்டு. வெட்டுவதற்கு முன் படத்தை அனுப்பி ஒப்புதல் பெறுவதும், தொலைபேசி எண்ணை ஒருவர் வாசிக்க மற்றவர் சரிபார்ப்பதும் நஷ்டத்தைத் தவிர்க்கும். பல மாநிலங்களுக்கும் செல்லும் ரிக் வண்டிக்கு, அதன் பக்கவாட்டில் உள்ள எண்ணே விளம்பரம். ஓர் இலக்கம் தவறினால் வேலை வேறொருவருக்குப் போய்விடும்.

ஒட்டும் முறை

ஸ்டிக்கர் உரிந்துபோவதற்குப் பெரும்பாலும் காரணம் ஒட்டும் இடம் தயாராக இல்லாமையே. தூசியை மட்டும் துடைத்தால் போதாது. டீசல், கிரீஸ், பாலிஷ் ஆகியவற்றின் பிசுக்கும் நீங்க வேண்டும். புதிதாகப் பெயின்ட் அடித்த பாடியில் உடனே ஒட்டினால், உலரும் பெயின்ட்டிலிருந்து வெளிவரும் ஆவி வினைலின் அடியில் கொப்புளமாகத் திரளும். பெயின்ட் முழுவதும் காய்ந்த பின்னரே ஒட்ட வேண்டும்.

நடுப்பகல் வெயிலில் காய்ந்த தகட்டில் பசை தொட்டவுடன் பிடித்துக்கொள்ளும். கோணலானால் திருத்த முடியாது. எனவே காலையிலோ நிழலிலோ ஒட்டுவது வழக்கம். பெரிய எழுத்தானால் சில சொட்டு ஷாம்பு கலந்த நீரைத் தெளித்து, நகர்த்திப் பொருத்தி, நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி நீரை வழித்துவிடுவர். பழைய ஸ்டிக்கரை எடுக்கும்போது சூடு காட்டி மெதுவாக இழுத்தால் பசை பெரும்பாலும் படலத்துடனே வந்துவிடும்.

விலை கணக்கிடுதல்

இத்தொழிலில் விலை சதுர அடிக் கணக்கில் பேசப்படுகிறது. புதிதாகக் கடை வைப்போர் பலர் தடுமாறுவது இங்கேதான். 5 அடி நீளமும் ஒன்றரை அடி உயரமும் உள்ள ஒரு பெயரின் பரப்பு 7.5 சதுர அடி. அதை 2 அடி அகல ரோலில் வெட்டினால் செலவாவது 10 சதுர அடி. 7.5க்கு மட்டும் பணம் வாங்கினால், பயன்படுத்திய பொருளில் கால் பங்கின் விலை கடைக்காரர் தலையில் விழும். மிஞ்சும் அரை அடிப் பட்டையில் தொலைபேசி எண்ணையோ வேறொருவரின் சிறு வேலையையோ சேர்த்து வெட்டினால் அந்த நஷ்டம் நீங்கும்.

வேண்டாத பகுதியை உரிக்கும் நேரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஓர் அடி உயரமுள்ள ஐந்து எழுத்துகளும், ஓர் அங்குல உயரமுள்ள ஐந்து வரி முகவரியும் ஒரே அளவு வினைலைப் பிடிக்கலாம். ஆனால் பின்னதற்குப் பல மடங்கு நேரம் ஆகும். ஆகையால் பொருள், உரிக்கும் வேலை, ஒட்டும் கூலி என மூன்றையும் தனித்தனியே எழுதிக் காட்டும் கடையில், விலைப் பேச்சு சச்சரவில்லாமல் முடியும்.

சட்டம் கோருவனவும் தடுப்பனவும்

சரக்கு வாகனங்களின் முன்புறம் வெள்ளை, பின்புறம் சிவப்பு, பக்கவாட்டில் மஞ்சள் எனப் பட்டைகள் ஒட்டப்படுகின்றன. இவை ஏ.ஐ.எஸ்.-090 என்னும் தரத்துக்கு உட்பட்ட ஒளி திருப்பும் பட்டைகளாக இருக்க வேண்டும். மின்னும் தாள் எல்லாம் இத்தரத்தில் சேராது.

எரிவாயு, அமிலம் போன்ற ஆபத்தான சரக்கை ஏற்றும் வண்டிகளுக்கு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 134ஆம் விதி பொருந்தும். அதன்படி இரு பக்கமும் பின்புறமும் அவசரகாலத் தகவல் பலகை இருக்க வேண்டும். பொருளின் பெயர் 50 மில்லிமீட்டர், ஐ.நா. வகைப்பாட்டு எண் 100 மில்லிமீட்டர் உயரத்துக்குக் குறையக்கூடாது. அபாயக் குறி 250 மில்லிமீட்டர் சதுரத்துக்குக் குறையக்கூடாது. அவசர உதவிக்கான தொலைபேசி எண்ணும் இடம்பெற வேண்டும். எழுத்துத் தொழிலில் உள்ள பொதுக் கணக்குப்படி, ஓர் அங்குல உயர எழுத்தைச் சிரமமின்றிப் படிக்க ஏற்ற தூரம் 10 அடி. அப்படியானால் 50 மில்லிமீட்டர் எழுத்துக்கு அது ஏறத்தாழ 20 அடிதான். வாயு கசியும் டேங்கரை அவ்வளவு நெருங்கினால்தான் சிரமமின்றிப் படிக்க முடியும் என்பது ஆபத்து. விதி சொல்வது குறைந்தபட்ச அளவே. இடம் இருந்தால் பெரிதாக எழுதலாம். வெளுத்த பலகையை உடனே மாற்ற வேண்டும்.

செய்யக்கூடாதவையும் உண்டு. கார் கண்ணாடியில் கறுப்புப் படலம் ஒட்டுவதை உச்ச நீதிமன்றம் 2012இல் தடை செய்தது. 2019 ஏப்ரல் 1 முதல் தயாரிக்கப்படும் வாகனங்களுக்கு உயர் பாதுகாப்பு எண் பலகை பொருத்தியே தரப்படுவதால், அதற்குப் பதிலாக ஸ்டிக்கர் எண் ஒட்டித் தருவது முறையாகாது.

கழிவு

வெட்டியபின் மிஞ்சும் வினைல் துண்டுகளைக் குப்பையுடன் சேர்த்து எரிக்கக்கூடாது. பி.வி.சி.யில் குளோரின் இருப்பதால், எரியும்போது ஹைட்ரஜன் குளோரைடு வாயுவும் டையாக்சின் என்னும் நச்சுப் பொருள்களும் உண்டாகின்றன. இதே காரணத்தால் வினைலை லேசர் இயந்திரத்தில் வெட்டுவதும் கூடாது; வெளிவரும் வாயு மூச்சுக்குழாயைத் தாக்குவதுடன் இயந்திரத்தையும் அரித்துவிடும். பெரிய துண்டுகளை நிறவாரியாகச் சுருட்டி வைத்துச் சிறு வேலைகளுக்குப் பயன்படுத்தலாம். உரித்த துணுக்குகளைத் தனிச் சாக்கில் கட்டி, நகராட்சியின் மக்காத குப்பையில் சேர்க்க வேண்டும்.