நூலகவியற் கல்வியும் மாணாக்கர் தொகையும்

பல்கலைக்கழகம் ஒன்றிலே நூலகவியற் பாடநெறியொன்று நடைபெறுகின்றது என்று கொள்வோம். அதனைப் பயில வருவோர் ஓராண்டில் எண்மர். அடுத்த ஆண்டில் ஐவர். கற்பிக்கும் ஆசிரியர் நால்வர். அவர்க்கு வேதனம் உண்டு; வகுப்பறையும் அலுவலறையும் உண்டு. அயலிலுள்ள வணிகத் துறையிலோ மாணாக்கர் இருக்க இடமின்றிச் சுவரோரம் நின்று விரிவுரை கேட்கின்றனர். இந்நிலையில் அப்பாடநெறியை நிறுத்திவிட்டால் என்ன என்னும் வினா ஆட்சிக்குழுவின் முன் எழுவது இயல்பேயாம். வினா எழுதல் குற்றமன்று. பொதுப் பணத்திற்குப் பொறுப்பானவர்கள் கேட்கவேண்டிய வினாவே அது. அதற்கு விடை காணும் முறையைப் பற்றியே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

இவ்வினா உலகிற்குப் புதிதன்று. பதின்மப் பகுப்பு முறையை 1876ஆம் ஆண்டில் வெளியிட்ட மெல்வில் டூயி என்பார், 1887ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரத்துக் கொலம்பியாக் கல்லூரியில் நூலகர்க்கான பள்ளியொன்றை நிறுவினார். ஐக்கிய அமெரிக்காவில் இவ்வகையிலே தோன்றிய முதற் பள்ளி அது. இரண்டு ஆண்டுகளில் அவருடன் ஒல்பனி நகருக்குப் பெயர்ந்து, 1926இல் மீண்டும் கொலம்பியாவுக்கே வந்து சேர்ந்தது. அத்துணைப் பழைமையும் புகழும் வாய்ந்த பள்ளியை 1992ஆம் ஆண்டில் அப்பல்கலைக்கழகமே மூடிற்று. நூலகவியலிலே கலாநிதிப் பட்டம் வழங்கிய முதற் பள்ளியாகிய சிக்காகோப் பல்கலைக்கழகத்துப் பள்ளி, 1928இல் தொடங்கி 1989இல் முடிவெய்திற்று. 1978ஆம் ஆண்டு முதலாக அந்நாட்டில் ஏறத்தாழப் பதினைந்து பள்ளிகள் இவ்வாறு ஒன்றன்பின் ஒன்றாக மறைந்தன. எல்லாவற்றுக்கும் காரணம் மாணாக்கர் குறைவு அன்று. இது தொழிற்பயிற்சியேயன்றிப் பல்கலைக்கழகத்திற்கு ஏற்ற அறிவுத்துறை அன்று என்னும் எண்ணம் சில இடங்களிலே மேலோங்கி நின்றது. பிற துறைகளோடு உறவாடாது தனித்திருந்தமையால் ஆபத்துக் காலத்தில் துணைநிற்பார் இல்லாது போயினமையும் ஒரு காரணமாம்.

சிக்காகோவின் கதைக்கு ஒரு பிற்சேர்க்கை உண்டு. அது தமிழரைப் பற்றியது. செட்டிநாட்டுக் கோட்டையூரிலே ரோஜா முத்தையா என்னும் பெரியார் தம் வாழ்நாள் முழுவதும் தேடிச் சேர்த்த தமிழ் நூல்களும் இதழ்களும், நாடக அறிவித்தல்கள் திருமண அழைப்புகள் வரையான பிற அச்சுப் பொருள்களும், 1992இல் அவர் மறைந்த பின்னர்ச் சிதறிப்போகும் நிலையை எய்தின. அவற்றை வாங்கிப் பேணுதற்கு முன்வந்தது சிக்காகோப் பல்கலைக்கழகமே. சென்னையிலே ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் 1994இல் உருவாயிற்று. நூலகவியற் பள்ளியை மூடிய ஐந்தாண்டுக்குள், அந்நூலகவியல் கற்றாரின் கைத்திறன் இன்றி நடைபெறமாட்டாத ஒரு பணியை அப்பல்கலைக்கழகம் மேற்கொள்ள நேர்ந்தது. அப்பணிக்கு வேண்டிய வல்லுநர் அதற்குக் கிடைத்தனர். ஏனெனில், அமெரிக்காவில் மூடியவை போக இன்னும் ஐம்பதுக்கு மேற்பட்ட பள்ளிகள் இருக்கின்றன. ஐம்பது விளக்குள்ள மண்டபத்தில் ஒரு விளக்கை அணைப்பது வேறு; ஒரு விளக்கே உள்ள வீட்டில் அதனை அணைப்பது வேறு. மேனாட்டுச் சான்று காட்டி இங்கே மூடவேண்டும் என்று வாதிப்போர் இவ்வேறுபாட்டை மறத்தல் ஆகாது.

நம் நாட்டின் நிலை யாது? 1960இல் இலங்கை நூலகச் சங்கம் தோன்றிற்று. அடுத்த ஆண்டிலே பேராதனைப் பல்கலைக்கழகம் நூலகவியலிற் பட்டப்பின் டிப்ளோமாப் பாடநெறியொன்றைத் தொடங்கிற்று. சில ஆண்டுகளுக்குள் அது கைவிடப்பட்டது. பின்னர் வித்தியாலங்கார வளாகத்திலே, அஃதாவது இன்றைய களனிப் பல்கலைக்கழகத்திலே, 1973ஆம் ஆண்டில் நூலகவியல் துறை அமையும்வரை, பல்கலைக்கழகமட்டத்தில் இக்கல்விக்கு இடமில்லாதிருந்தது. இடைப்பட்ட காலத்திற் பாரத்தைச் சுமந்தது நூலகச் சங்கத்தின் வகுப்புகளே. பகலிலே நூலகத்தில் வேலை செய்து, வார இறுதியிலே படித்தோரைக் கொண்டு அச்சங்கம் ஒரு தலைமுறையை உருவாக்கிற்று. இன்றும் தமிழ் மொழிமூலம் இதனைக் கற்க விரும்புவோர்க்கு அச்சங்கத்தின் டிப்ளோமாவே எளிதில் எட்டக்கூடிய வழி. ஆசிரிய நூலகர்களைப் பயிற்றுதற்கென 1999இல் கொழும்புப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த தேசிய நூலக தகவல் விஞ்ஞான நிறுவகம் ஏற்பட்டமையும் குறிப்பிடத்தக்கது. கணக்கிட்டுப் பார்ப்பின் இவ்வாயில்கள் விரல்விட்டு எண்ணத்தக்கன.

ஒரு கல்விநிலையத்தை மூட ஒருநாட் கூட்டம் போதும். மீளத் திறத்தலே அரிது. இதற்கு யாழ்ப்பாணத்தார் தொலைவிற் சான்று தேடவேண்டுவதில்லை. 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரியை அமெரிக்க மிசனார் 1855இல் மூடினர். அதற்கு மாணாக்கர் குறைவு காரணமன்று. மிசனின் நோக்கத்திற்கு அவ்வுயர்கல்வி உதவவில்லை என்பதே அவர்தம் முடிபு. ஊரவர் பெரிதும் வேண்டி முயன்ற பின் 1872இலே யாழ்ப்பாணக் கல்லூரி தோன்றிற்று. இடையிலே பதினேழு ஆண்டுகள். அச்செமினரியிற் கற்றவருள் ஒருவரே சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை. அவர் சென்னைச் சர்வகலாசாலையின் முதற் பட்டதாரிகளுள் ஒருவராய் விளங்கி, செல்லரித்த ஏடுகளிலே கிடந்த கலித்தொகையை 1887இல் அச்சேற்றியவர். அப்பதினேழாண்டில் அத்தகையோர் எத்துணைப்பேர் தோன்றாது போயினரோ, எந்தக் கணக்கேட்டிலும் அது பதியப்படவில்லை. மூடுவதால் மிச்சமாகும் பணம் வரவுசெலவுத் திட்டத்திலே தெரியும். மூடுவதால் நேரும் இழப்புத் தெரியாது. இக்குறைபாடு கணக்கியலின் இயல்பிலேயே உள்ளது.

நூலகவியல் ஒரு கல்வித்துறையே அன்று, புத்தகங்களை அடுக்கிவைக்கும் வேலைக்குப் பட்டம் எதற்கு என்று வினவுவாரும் உளர். சீர்காழியிற் பிறந்த எஸ். ஆர். இரங்கநாதன் அவர்களும் முதலில் ஏறக்குறைய இக்கருத்தினரே. கணித ஆசிரியராயிருந்த அவர் 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராக நியமனம் பெற்றார். வேலை சலிப்புத் தந்தமையால் சில நாள்களிலேயே பழைய கல்லூரிக்குத் திரும்ப விரும்பினார் என்பர். இலண்டனுக்குச் சென்று அங்குள்ள நூலகர் பள்ளியிற் பயின்ற பின்னரே அவர்க்குக் கண் திறந்தது. மீண்டு வந்து 1928இல் சென்னை நூலகச் சங்கம் அமையக் காரணராயினார். 1929இல் அச்சங்கம் தொடங்கிய பயிற்சி வகுப்பைப் பல்கலைக்கழகம் 1931இல் ஏற்றுக்கொண்டது. கோலன் பகுப்பு முறையை 1933இல் வெளியிட்டார். பிற்காலத்தில் நூலகவியற் பேராசிரியர் பதவிக்கென ஓரிலட்சம் ரூபாவைத் தம் துணைவியார் சாரதா பெயரால் அப்பல்கலைக்கழகத்திற்கு வழங்கினார். யாழ்ப்பாணப் பொது நூலகம் 1959இல் திறக்கப்படுமுன்னர் அதன் அமைப்புக்கு ஆலோசனை கூறியவரும் அவரே.

தமிழுக்கு இக்கல்வி ஏன் தனியே வேண்டும் என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். டூயி முறையிலே இலக்கியத்திற்கு 800 முதலான எண்கள் ஒதுக்கப்பட்டன. ஆங்கில இலக்கியம் 820 முதல் 829 வரை விரிந்து கிடக்கின்றது. தமிழிலக்கியம் அனைத்துக்கும் உரிய எண் 894.811. சங்க நூல்களும் காப்பியங்களும் தேவாரமும் தலபுராணங்களும் நாவலர் வசனமும் நேற்று வந்த சிறுகதைத் தொகுதியும் அவ்வொரு புள்ளியின் பின்னே நெருங்கி நிற்கவேண்டும். சமயத்திற்குரிய 200இலும் பெரும்பகுதி கிறித்துவத்திற்கே போக, இந்து சமயம் முழுவதும் 294.5 என்னும் மூலையில் ஒதுங்குகின்றது. சைவசித்தாந்த சாத்திரங்கள் அதனுள்ளும் ஒரு மூலை. அமெரிக்க நூலகத்திற்கு இது போதும். அலுமாரி பத்தில் எட்டுத் தமிழ் நூலாய் இருக்கும் நம் நூலகத்திற்கு இது போதாது. எண்களை மேலும் பிரித்து விரிக்கவேண்டும்; விரிப்பவர் தமிழிலக்கிய வரலாறும் அறிந்திருக்கவேண்டும், பகுப்பியலும் அறிந்திருக்கவேண்டும்.

ஆசிரியர் பெயரோ மற்றொரு சிக்கல். தமிழருக்குக் குடும்பப்பெயர் இல்லை. முன்னே நிற்பது தந்தை பெயரின் முதலெழுத்து. மேனாட்டு விதிப்படி இறுதிச் சொல்லை முன்னே கொணர்ந்து பட்டியலிட்டால், பிள்ளை என்னும் சொல்லின்கீழ் நூறு புலவர் வந்து குவிவர். ஒருவரே பல புனைபெயரில் எழுதியிருப்பர். ஒரு நூலே ஈழத்திலும் தமிழகத்திலும் இரு தலைப்பில் வெளிவந்திருக்கும். கணிப்பொறி இவற்றைத் தீர்த்துவிடும் என்பார்க்கு ஒன்று கூறலாம்: கணிப்பொறி தேடித் தருவது முன்னே ஒருவர் ஒழுங்காகப் பதிந்து வைத்ததையே. பதிவு பிழைத்தால் தேடலும் பிழைக்கும். முன்னையிலும் விரைவாகப் பிழைக்கும்.

இக்கட்டுரையாளன் வெளிவாரியாகக் கலைப்பட்டம் பெற்றவன். விரிவுரை மண்டபத்தை அறியாத வெளிவாரி மாணாக்கனுக்கு நூலகமே பேராசிரியர். அலுமாரியில் இடம் மாறிக் கிடக்கும் நூல் அவனுக்கு இல்லாத நூலேயாம். அவ்வாறு இல்லாது போன நூல்களைத் தேடி மாலைகள் பல கழிந்தன. பின்னர் ஆசிரியப் பணியிலே கண்டது, பாடசாலை நூலகத்தின் திறப்பு, நேரசூசியிற் பாடம் குறைந்த ஆசிரியர் யாரோ அவர் கையிற் போய்ச் சேர்வதை. பயிற்சி பெற்றவர் வந்த இடத்திலே நூல் வெளியே வருகின்றது. மற்றைய இடத்திலே கண்ணாடிக் கதவின் பின்னே பத்திரமாக இருக்கின்றது. எங்கள் அரியாலையிலும் அயலூர்களிலும் சனசமூக நிலைய வாசிகசாலைகள் பல. அவற்றின் பழைய மலர்களுக்கும் கோயிற் சிறப்பிதழ்களுக்கும் பட்டியல் எழுதுவார் யார்? கல்லூரி ஆண்டு மலர்களையே எடுத்துக்கொள்வோம். முதலிதழ் தொட்டு இடையறாத் தொகுதி உள்ள நிலையங்கள் எத்தனை என்று வாசகர் தத்தம் கல்லூரியில் உசாவிப் பார்ப்பாராக.

1981ஆம் ஆண்டு யூன் மாதத் தொடக்கத்திலே யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. எரிந்தவற்றை மீளத் தேடுவதற்கு முதலில் வேண்டியது, ஈழத்தார் எழுதியவை யாவை என்னும் பட்டியல். நூலகரான என். செல்வராஜா அவர்கள் 2002 முதல் வெளியிட்டு வரும் நூல்தேட்டம், தொகுதி ஒன்றுக்கு ஆயிரம் நூல்களாக அக்குறையை நிரப்பி வருகின்றது. 2005இல் தொடங்கிய நூலகம் என்னும் மின்னூலகம் பக்கங்களையே படமாக்கி வைக்கின்றது. இவை பேராட்சிக் குழுக்களின் தீர்மானத்தால் விளைந்தன அல்ல. கையளவினரான, ஆயினும் இத்துறையை அறிந்த அன்பர்களின் உழைப்பால் விளைந்தவை. ஆண்டுக்கு ஐவர் என்னும் தொகையை இகழுமுன், இப்பணிகளைச் செய்தோர் தொகை எத்துணை என்பதையும் எண்ணவேண்டும்.

இனி மறுபக்கத்தையும் நோக்குவோம். எண்ணிக்கை குறைந்த துறையெல்லாம் காக்கத்தக்கது என்று கூறுதல் நேர்மையாகாது. அட்டையெழுதும் பழைய முறையையே இன்றும் பரீட்சைக்குக் கேட்கும் பாடநெறி, மாணாக்கர் ஐந்நூற்றுவர் இருப்பினும் திருத்தப்படவேண்டியதே. ஆகவே நோயின் முதலை அறிதல் வேண்டும். பதவிகளே இல்லாமையால் மாணாக்கர் வரவில்லையா? பதவிகள் இருந்தும், தகைமை கேளாது பிறரை நியமிப்பதால் வரவில்லையா? பாடத்திட்டம் பழையதா? கற்பிக்க ஆளில்லையா? இரண்டாவது காரணம் உண்மையாயின், குற்றம் நியமிப்போரிடத்தது. அதற்காகப் பாடநெறியைத் தண்டித்தல், காய்ச்சல் ஒருவனுக்கிருக்க மற்றொருவனுக்குக் கசாயம் கொடுத்தலை ஒக்கும். என் கருத்திலே நம்மிடையே இதுவே பெருங்காரணம். பாடசாலையிலும் உள்ளூராட்சி மன்றங்களிலும் தகைமையுடையாரையே நூலகராக அமர்த்துவது வழக்கமாயின் வகுப்பு நிரம்பத் தொடங்கும்.

அது நிகழும்வரை துறையைக் காக்கச் செலவு குறைந்த வழிகளும் உள. ஈராண்டுக்கு ஒருமுறை மாணாக்கரைச் சேர்க்கலாம். தமிழ், வரலாறு, கணினி ஆகிய துறைகளின் மாணாக்கர்க்கு இதனைத் துணைப்பாடமாக வைக்கலாம். அப்பொழுது ஆசிரியர் நால்வரும் வெறிதே இரார், துறைக்கும் நண்பர் உண்டாவர். பணியிலுள்ளோர்க்கு மாலை வகுப்பு நடத்தலாம். இவ்வளவும் செய்தும் பயனில்லையாயின் மூடுக. மூடும்போது ஏற்கெனவே சேர்ந்தோர் கற்று முடிக்க வழி செய்வதும், துறையின் நூல்களையும் அறிவையும் ஏற்பார் ஒருவரைத் தேடிவைப்பதும் கடனாம். கொலம்பியாவில் 1983இல் தொடங்கிய அரிய நூற் பள்ளி, தாய்ப்பள்ளி மூடப்பட்ட 1992இல் வேர்ஜினியாப் பல்கலைக்கழகத்திற்குப் பெயர்ந்து இன்றளவும் நடைபெறுகின்றது. ஏற்பார் இருந்தமையால் அது பிழைத்தது.

ஆட்சிக்குழுவினர் வாக்கெடுப்புக்கு முன்னர்ப் பெறவேண்டிய தாள் ஒன்று உண்டு. அதில் இருக்கவேண்டியது இவ்வாண்டு சேர்ந்தோர் தொகை மாத்திரமன்று. சென்ற இருபதாண்டிலே அத்துறையிற் கற்று வெளியேறியோர் யார் யார், இன்று எந்தெந்த நூலகத்தில், எந்தெந்தப் பாடசாலையில் இருக்கின்றனர், அவர் ஓய்வுபெறும் ஆண்டு எது, அவரிடத்திற்கு வருவார் எங்கே பயில்கின்றார் என்பனவும் அதிற் காணப்படல் வேண்டும். துறைத் தலைவர் ஒருவர் இரண்டு கிழமையில் இதனைத் திரட்டிவிடலாம்.