ஆரவாரம் – 17: ஊசிக்கு ஒரு மெட்டு

2006 ஜூன் 30, வெள்ளிக்கிழமை. பெர்லின் ஒலிம்பிக் மைதானத்தில் அன்று மாலை உலகக் கோப்பைக் காலிறுதி. ஜெர்மனியை எதிர்த்து அர்ஜென்டினா. நாடே வேலையைப் போட்டுவிட்டுத் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்காரத் தயாராகிக்கொண்டிருந்தபோது எல்லைக்கு அந்தப் பக்கம் ஸ்ட்ராஸ்பூர்க்கிலிருந்து ஒரு செய்தி வந்தது. மறுநாள் அங்கே தொடங்கவிருந்த டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் யான் உல்ரிச் ஓடமாட்டார். 1997இல் அந்தப் பந்தயத்தை வென்ற முதல் ஜெர்மானியர் அவர். எவுஃபெமியானோ ஃபுயென்டெஸ் என்ற ஸ்பானிய மருத்துவரின் ரத்தப் பைகள் பற்றிய ஊக்கமருந்து வழக்கில் அவர் பெயர் அடிபட்டிருந்தது. இத்தாலியின் இவான் பாஸோவும் வேறு சிலரும் அவரோடு சேர்ந்து மூட்டையைக் கட்டினார்கள்.

மாலையில் ஆட்டம் பெனால்டி வரை போனது. கோல்கீப்பர் லேமன் இரண்டு உதைகளைத் தடுத்தார். ஜெர்மனி வென்றது. அந்த இரவில் உல்ரிச்சை யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

நினைத்தபோது கோபமாகத்தான் நினைத்தார்கள். அடுத்த ஆண்டு டூர் நடந்துகொண்டிருக்கும்போதே பத்ரிக் சிங்கெவிட்ஸ் என்ற ஜெர்மானிய வீரர் பந்தயத்துக்கு முன் கொடுத்திருந்த மாதிரியில் டெஸ்டோஸ்டிரோன் கோளாறு இருப்பதாகத் தகவல் வர, ஏ.ஆர்.டி., இசட்.டி.எஃப். என்ற இரண்டு பொதுத் தொலைக்காட்சிகளும் நேரடி ஒளிபரப்பைப் பாதியில் நிறுத்தின. பிறகு கொஞ்ச காலம் திரும்பி வந்தார்கள், மறுபடி விட்டார்கள், 2015இல்தான் ஏ.ஆர்.டி. நிலையாகத் திரும்பியது. ஒரு கால்பந்து வீரர் சிக்கினார் என்பதற்காக உலகக் கோப்பை ஒளிபரப்பை ஒரு தொலைக்காட்சி பாதியில் நிறுத்துமா? 1994இல் மரடோனாவே எஃபெட்ரினில் சிக்கி அமெரிக்காவிலிருந்து திரும்பினார். போட்டி ஒரு நாள்கூட நிற்கவில்லை.

சென்ற சில வாரங்களாகக் கால்பந்துக் கூட்டம் பாடும் நக்கல் பாட்டுகளைப் பார்த்துவந்தோம். அந்தப் பாட்டுக்குள் ஊக்கமருந்து வந்தால் என்ன ஆகிறது, அதே மருந்து மலைச் சாலை ஓரத்தில் நிற்கும் சைக்கிள் ரசிகனிடம் போனால் என்ன ஆகிறது என்பது இந்த வாரம்.

2003 செப்டம்பர் 23. மான்செஸ்டர் யுனைடெட்டின் கேரிங்டன் பயிற்சித் திடலுக்குச் சோதனையாளர்கள் வந்தார்கள். ரியோ ஃபெர்டினாண்ட் மாதிரி கொடுக்க வேண்டும். அவர் கொடுக்காமலே கிளம்பிப் போய்விட்டார். வீடு மாறும் பரபரப்பில் மறந்துவிட்டேன் என்றார். அந்த மதியம் அவர் கடைக்குப் போனது பிறகு தெரிந்தது. ஓரிரு நாளில் கொடுத்த மாதிரியில் ஒன்றுமில்லை. ஆனாலும் சோதனையைத் தவறவிட்டதே குற்றம் என்பதால் எட்டு மாதத் தடை, 50,000 பவுண்டு அபராதம். 2004 யூரோ கோப்பையும் போயிற்று. தீர்ப்பு வருவதற்கு முன்பே, அவரை அணியிலிருந்து எடுத்ததைக் கண்டித்து, துருக்கியுடனான முக்கியமான ஆட்டத்துக்கு இஸ்தான்புல் போகமாட்டோம் என்று இங்கிலாந்து வீரர்கள் கொடி பிடித்தார்கள். கடைசியில் போனார்கள்.

எதிரணி ரசிகர்களுக்கு இது தானாக வந்து விழுந்த தீனி. டுரான் டுரான் என்ற இசைக்குழுவுக்கு ரியோ என்ற பெயரிலேயே ஒரு பாட்டு உண்டு. அந்த மெட்டிலேயே, மைதானத்தில் ஆட வேண்டிய ஆள் இப்போது மேலே உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறான் என்று பாடினார்கள். யாருடைய கோபமும் அதில் இல்லை. அவர் மருந்து எடுத்தாரா, சோதனை முறை சரியாக இருக்கிறதா என்பதெல்லாம் அந்தப் பாட்டுக்கு வேண்டாத விஷயங்கள். யுனைடெட்காரன் ஒருவன் வசமாக மாட்டினான், அது போதும். 2004 செப்டம்பரில் லிவர்பூலுக்கு எதிராக அவர் திரும்பி வந்தபோது சொந்த மைதானம் அவரைக் கொண்டாடி வரவேற்றது.

இப்போது 2007 டூருக்கு வருவோம். டென்மார்க்கின் மிக்கேல் ராஸ்முசென், முன்னிலையில் இருப்பவர் அணியும் மஞ்சள் ஜெர்சியில் இருக்கிறார். இவரும் எந்தச் சோதனையிலும் சிக்கவில்லை. பந்தயத்துக்கு முந்தைய வாரங்களில் தான் எங்கே பயிற்சி செய்கிறேன் என்று அதிகாரிகளுக்குச் சரியாகத் தெரிவிக்கவில்லை, அதனால் சோதனைகள் தவறின என்பதுதான் பிரச்சினை. ஜூனில் மெக்சிகோவில் இருந்தேன் என்றார். அதே நாட்களில் இத்தாலியின் டோலமைட் மலைகளில் மழையில் அவர் பயிற்சி செய்வதைப் பார்த்தேன் என்று முன்னாள் வீரர் தாவிடே கஸ்ஸானி தொலைக்காட்சியில் வாய்தவறிப் பாராட்டாகச் சொல்லிவைத்தார். ஜூலை 25 அன்று ஓர்தேஸ் நகரில் கிளம்பும்போதே கூட்டம் அவரை ஊளையிட்டு வழியனுப்பியது. சக வீரர்கள் சிலர் ஊக்கமருந்தைக் கண்டித்துப் புறப்பட மறுத்து நின்றார்கள். அன்று ஓபிஸ்க் மலைச் சிகரத்தில் முதலில் வந்தவரும் ராஸ்முசென்தான். அன்றிரவே அவருடைய ரபோபேங்க் அணி அவரை வேலையைவிட்டு நீக்கியது. மறுநாள் காலை மஞ்சள் ஜெர்சி யார் உடம்பிலும் இல்லாமல் டூர் கிளம்பியது. (1998 முதல் 2010 வரை மருந்து எடுத்ததை 2013இல் அவரே ஒப்புக்கொண்டார். ஆனால் ஊளையிட்டவர்களுக்கு அன்று அது தெரியாது.)

தவறவிட்ட சோதனை என்ற அளவில் இரண்டும் ஒரே இனம். ஒருவருக்குப் பாட்டு கிடைத்தது, மற்றவருக்கு ஊளை. குற்றத்தின் அளவு இதற்குக் காரணமாக எனக்குத் தெரியவில்லை. ரசிகன் எங்கே நிற்கிறான் என்பதுதான் காரணம்.

கால்பந்து ரசிகன் ஒரு சட்டைக்குச் சொந்தக்காரன். அப்பாவிடமிருந்து வந்த கிளப், ஊரின் கிளப். வீரர்கள் வருவார்கள் போவார்கள், கிளப் இருக்கும். எனவே ஊக்கமருந்துக் குற்றச்சாட்டு எங்கிருந்து வந்தாலும் அது எதிரி கிளப்பிலிருந்து வந்ததாகவே அவன் காதில் விழும். எதிரி சொன்னால் அது நக்கல், நக்கலுக்குப் பதில் இன்னொரு நக்கல். உண்மையா என்று கேட்க இடமே கிடையாது. சைக்கிள் பந்தயத்தில் அப்படி ஒட்டிக்கொள்ளும் கிளப் இல்லை. அணியின் பெயரே ஸ்பான்சருடைய பெயர். கடிகாரக் கம்பெனி, தபால் துறை, வங்கி, தொலைபேசிக் கம்பெனி. உல்ரிச்சின் டி-மொபைல் 2007 முடிவில் பணத்தை நிறுத்தியதும் அந்தப் பெயரில் அணியே இல்லாமல் போனது. சிக்கியவனுக்காகச் சண்டை போட ஆளில்லை, அதனால் பழி பந்தயத்தின் மேலேயே விழுகிறது.

அதோடு டிக்கெட் கிடையாது, பெரும்பாலான இடங்களில் வேலியும் கிடையாது. ஆல்ப் துவேஸ் மலையின் 21 வளைவுகளில் ஏழாவதை டச்சுக்காரர்கள் ஆரஞ்சு நிறமாக்கிவைத்திருப்பார்கள். வீரனின் மூச்சு முகத்தில் படும் தூரத்தில் நின்று கத்தலாம். பெரிய ஊசி வேடம் போட்டுக்கொண்டு கூடவே ஓடும் ஆட்களைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். அது வேடிக்கை என்றால், 2015இல் மாந்த் நகருக்குப் போகும் வழியில் ஒருவர் என்னை மருந்துக்காரன் என்று திட்டிக்கொண்டே ஒரு குவளைச் சிறுநீரை என் மேல் வீசினார் என்று சைக்கிள் வீரர் கிறிஸ் ஃப்ரூம் சொன்னது வேடிக்கை அல்ல. 2018இல் சால்புடமால் விவகாரம் அவரைத் துரத்தியது. ஆஸ்துமா மருந்து, அனுமதிக்கப்பட்ட அளவைப்போல் இரண்டு மடங்கு என்பது குற்றச்சாட்டு. டூர் தொடங்க ஐந்து நாள் இருக்கும்போது அவர் விடுவிக்கப்பட்டார். கூட்டம் விடுவிக்கவில்லை. அந்த ஆண்டு ஆல்ப் துவேஸில் வென்றவர் அவருடைய அணித் தோழர் கெரைன்ட் தாமஸ், அந்த விவகாரத்தில் எந்தப் பங்கும் இல்லாதவர். மேடையில் அவருக்கும் ஊளைதான்.

கால்பந்துக்காரர்கள் இந்த இடத்தில் வழக்கமாக ஒன்று சொல்வார்கள். சைக்கிள் மிதிப்பதற்கு நுரையீரலும் காலும் போதும், எங்கள் ஆட்டம் திறமை சார்ந்தது, ஊசி போட்டால் பந்து காலில் ஒட்டுமா? ஒட்டாதுதான். ஆனால் இ.பி.ஓ. எதற்கு? ரத்தத்தில் சிவப்பணுக்களைக் கூட்டித் தசைகளுக்கு அதிக ஆக்சிஜன் கொண்டுபோக. ஒரு நடுக்கள வீரர் 90 நிமிடத்தில் பத்து கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறார். 85ஆவது நிமிடத்திலும் முதல் நிமிடம் போல ஓட முடிந்தால், இருக்கிற திறமையைக் காட்ட இன்னும் ஐந்து நிமிடம் கிடைக்கும். ஆர்சனல் பயிற்சியாளர் ஆர்சென் வெங்கர் 2004இல், வேறு கிளப்புகளிலிருந்து வந்த சில வீரர்களின் ரத்தத்தில் சிவப்பணு எண்ணிக்கை இயல்புக்கு மேல் இருந்ததைச் சொல்லி, இ.பி.ஓ. சந்தேகத்தை வெளிப்படையாகவே எழுப்பினார். இரண்டு நாள் தலைப்புச் செய்தி, அவ்வளவுதான்.

அதே வெங்கருக்கு 2015இல் இன்னொரு பாடம். ஆர்சனல் ஜாக்ரெபில் டினாமோ அணியிடம் 2–1 என்று தோற்றது. அந்த ஆட்டத்துக்குப் பின் நடந்த சோதனையில் டினாமோவின் அரியான் அடெமி சிக்கினார். நான்கு ஆண்டுத் தடை, மேல்முறையீட்டில் பாதியானது. ஆட்டத்தின் முடிவோ மாறவில்லை. ஓர் அணியில் இரண்டு பேருக்கு மேல் சிக்கினால்தான் அணியின் மேல் நடவடிக்கை என்பது யூஃபா விதி. சைக்கிளில் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்கின் ஏழு டூர் பட்டங்களையும் பறித்ததோடு நிற்காமல், 1999 முதல் 2005 வரையான பட்டங்களை யாருக்கும் தராமலே விட்டுவிட்டார்கள். இரண்டாவதாக வந்தவருக்குக் கொடுக்கலாம் என்றால் அங்கே மூன்று முறை உல்ரிச், ஒரு முறை பாஸோ. யோசிக்கத்தானே வேண்டும்!

உள்ளேயிருந்து பேசியவர்களுக்குக் கால்பந்து என்ன செய்தது? 1982, 1986 உலகக் கோப்பை இறுதி ஆட்டங்களில் மேற்கு ஜெர்மனியின் கோல்கீப்பர் டோனி ஷூமாகர், 1987இல் ஒரு தன்வரலாறு எழுதினார். பண்டெஸ்லிகாவில் மருந்து புழங்குகிறது, நானே எஃபெட்ரின் கலந்த இருமல் மருந்தை எடுத்துப் பார்த்தேன் என்றார். தேசிய அணியிலும் இடம் போயிற்று, கோல்ன் கிளப்பிலும் போயிற்று. 1998 கோடையில், ஃபெஸ்டினா சைக்கிள் அணியின் கார் நிறைய மருந்துகளோடு பெல்ஜிய எல்லையில் பிடிபட்ட சில வாரங்களில், ரோமா பயிற்சியாளர் ஸ்டெனெக் ஸேமான், இத்தாலியக் கால்பந்து மருந்துக்கடையைவிட்டு வெளியே வரட்டும் என்றார். டியூரின் நகர அரசு வழக்கறிஞர் ராஃபயேலே குவாரினியெல்லோ அதைப் பிடித்துக்கொண்டு யுவென்டஸ் கிளப்பின் மருத்துவ அறைக்குள் போனார். 281 வகை மருந்துகள் இருந்தன என்பது நீதிமன்றத்துக்கு வந்த கணக்கு. கிளப் மருத்துவர் ரிக்கார்டோ அக்ரிகோலாவுக்கு 2004இல் 22 மாதத் தண்டனை, அடுத்த ஆண்டு மேல்முறையீட்டில் விடுதலை, 2007இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனபோது வழக்கே காலாவதி. கிளப் கடைசிவரை மறுத்தது, பட்டம் எதுவும் பறிபோகவில்லை. மற்ற கிளப்புகளின் ரசிகர்களுக்கு மட்டும் யுவென்டஸைச் சீண்ட இன்னொரு சொல் கிடைத்தது.

கடைசியாக ஃபுயென்டெஸ். அவருடைய குளிர்பெட்டிகளில் 200க்கும் மேற்பட்ட ரத்தப் பைகள். வெளியே வந்த பெயர்கள் சைக்கிள்காரர்களுடையவை. 2013இல் மாட்ரிட் நீதிமன்றத்தில் அவர், என்னிடம் கால்பந்து வீரர்கள், டென்னிஸ் வீரர்கள், குத்துச்சண்டை வீரர்கள், தடகள வீரர்கள் எல்லாரும் வந்தார்கள் என்றார். கேட்டால் பைகள் யாருடையவை என்று சொல்லவும் தயார் என்றார். நீதிபதி கேட்கவில்லை. வழக்கு பொதுச் சுகாதாரம் பற்றியது, பெயர்கள் பற்றியது அல்ல. 2006இல் ஸ்பெயினில் ஊக்கமருந்து தனிக் குற்றமும் இல்லை. பைகளை அழித்துவிட உத்தரவானது. 2016இல் மேல் நீதிமன்றம் அதை மாற்றி, உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையிடம் கொடுக்கச் சொன்னது. 2019இல் அந்த முகமை 11 பேரை அடையாளம் கண்டதாக அறிவித்தது. தண்டிக்கும் காலக்கெடு தாண்டிவிட்டதால் பெயர்களைச் சொல்லவில்லை. அதில் எத்தனை பேர் எந்த விளையாட்டு என்றும் சொல்லவில்லை.

இதற்கெல்லாம் முன்பே, 2006 டிசம்பரில், பிரான்ஸின் லெ மோந்த் நாளிதழ் ரியல் மாட்ரிட், பார்சிலோனா கிளப்புகளை ஃபுயென்டெஸோடு தொடர்புபடுத்தி ஒரு செய்தி போட்டது. கிளப்புகள் மறுத்தன. ரியல் மாட்ரிட் வழக்குப் போட, செய்தி அவதூறு என்று ஸ்பானிய நீதிமன்றம் முடிவு கட்டி, கிளப்புக்கு 3 லட்சம் யூரோ, மருத்துவக் குழுவைச் சேர்ந்த ஒருவருக்கு 30,000 யூரோ கொடுக்கச் சொன்னது. அந்தத் தொகையைப் பிரான்ஸில் வசூலிக்கலாமா என்ற சண்டை ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் வரை ஏறியது. பத்திரிகைச் சுதந்திரத்தை வெளிப்படையாக மீறும் அளவுக்கு அபராதம் அதிகமென்றால் வசூலிக்க மறுக்க வேண்டும் என்று அது 2024 அக்டோபர் 4 அன்று சொல்லி, இந்தத் தொகை அப்படிப்பட்டதா என்று பார்க்கும் வேலையைப் பிரெஞ்சு நீதிமன்றத்திடமே விட்டது. செய்தி அச்சாகி அப்போது ஏறக்குறைய 18 ஆண்டுகள். அதே குற்றச்சாட்டை எதிரணி ரசிகர்கள் மைதானத்தில் மெட்டுப் போட்டுப் பாடியிருந்தால் எந்தக் கிளப்பும் கோர்ட்டுக்குப் போயிருக்காது.

(அடுத்த வாரம்: மைதானத்துக்குள் போகத் தடை விதிக்கப்பட்ட ரசிகர்கள்)