விளையும் பயிர் முளையில் தெரியுமா?

ஒரு விளையாட்டுப் போட்டி நடைபெறும்பொழுது அதனைக் காணவந்தோர் ஆரவாரஞ் செய்வதும், தம் அணி வென்றால் மகிழ்வதும், தோற்றால் மனம் வருந்துவதும் உலகெங்கும் உள்ள வழக்கமாகும். ஆனால், பந்து ஒன்றும் உருளாத ஒரு நாளில், ஆடுகளமே இல்லாத ஓரிடத்தில், சில பெயர்கள் வாசிக்கப்படுவதைக் கேட்பதற்காக மக்கள் பெருந்திரளாகக் கூடுவதைக் காணவேண்டுமாயின் அமெரிக்க ஐக்கிய நாட்டுக்கே செல்லவேண்டும். 2024ஆம் ஆண்டு டிட்ரோயிட் நகரில் மூன்று நாட்கள் நடந்த இத்தகைய நிகழ்ச்சிக்கு ஏழு இலட்சத்து எழுபத்தையாயிரத்துக்கும் மேற்பட்டோர் வந்தனர் எனக் கணக்கிடப்பட்டது. 'டிராப்ட்' என்பது அந்நிகழ்ச்சியின் பெயர். தொழில்முறைக் கழகங்கள் பல்கலைக்கழக வீரர்களை முறைவைத்துத் தெரிவு செய்யும் ஏற்பாடே அது.

அமெரிக்கர் 'புட்போல்' என்று வழங்குவது இலங்கையில் உதைபந்தாட்டம் எனப்படும் ஆட்டம் அன்று. அது றக்பி ஆட்டத்தின் வழிவந்தது. பந்தைக் கையில் ஏந்தி ஓடுவதும், முன்னோக்கி எறிவதும், எதிரியை மறித்து வீழ்த்துவதுமே அதன் இயல்பு. ஒரு பக்கத்துக்குப் பதினொருவர் ஆடுவர். எனினும் தாக்குதற்கு ஒரு குழுவினரும் காப்பதற்கு மற்றொரு குழுவினரும் களம் இறங்குவதால் கழகம் ஒன்றுக்குப் பல வீரர் தேவைப்படுவர். இவர்களுள் நடுநாயகமாக விளங்குபவர் 'குவாட்டர்பக்' எனப்படுவார். ஒவ்வொரு முறையும் பந்து முதலில் அவர் கைக்கே வரும். அதனை எறிவதா, பக்கத்தில் நிற்பவரிடம் கொடுத்து ஓடச்செய்வதா என்பது பெரும்பாலும் அவர் கண்ணிலும் கருத்திலும் தங்கியிருக்கும். இரசிகர் விவாதங்களுள் மிகவும் சூடேறுபவை இந்த ஒருவரைப் பற்றியனவாக இருப்பதற்குக் காரணம் இதுவே.

இத்தெரிவு முறை தோன்றிய வரலாறு பில்லடெல்பியா நகரத்தோடு தொடர்புடையது. 1930களில் சிக்காகோ, நியூயோர்க், கிறீன்பே முதலிய இடங்களிலிருந்த வலிய கழகங்களே சிறந்த வீரர்களைக் கவர்ந்துகொண்டன. வென்ற கழகத்துக்கு வருவாய் பெருகியது. வருவாய் பெருகிய கழகமே மீண்டும் வென்றது. பில்லடெல்பியா ஈகிள்ஸ் கழகத்தின் உரிமையாளராகிய பேர்ட் பெல் என்பவரின் அணியோ தோல்விமேல் தோல்வி கண்டு நலிந்தது. 1935ஆம் ஆண்டில் அவர் ஒரு யோசனையை முன்வைத்தார். கடைசி இடத்தைப் பெற்ற கழகம் முதலில் ஒரு வீரரைத் தெரிவு செய்யட்டும். வெற்றி வாகை சூடிய கழகம் இறுதியில் தெரிவு செய்யட்டும் என்பதே அது. ஏனைய உரிமையாளரும் இதற்கு இசைந்தனர். 1936 பெப்ரவரி 8ஆம் நாள் பில்லடெல்பியாவில் ஒரு விடுதியில் முதலாவது தெரிவு நடைபெற்றது. ஒன்பது கழகங்கள் ஒன்பது சுற்றுக்களில் 81 பெயர்களைத் தெரிந்தெடுத்தன.

அந்த முதலாவது பெயரின் கதை சுவையானது. சிக்காகோப் பல்கலைக்கழகத்து வீரரான ஜே பேர்வாங்கரையே ஈகிள்ஸ் கழகம் முதன்முதலிற் குறித்தது. அவர் கேட்ட ஊதியத்தைக் கொடுக்க அக்கழகத்தால் இயலவில்லை. அவரைப் பெறும் உரிமை சிக்காகோ பெயர்ஸ் கழகத்துக்கு மாற்றப்பட்டது. அங்கும் உடன்பாடு ஏற்படாமையால், அவர் தொழில்முறை ஆட்டத்தில் ஒருநாளேனும் ஆடாமல் வணிகத் துறையிற் புகுந்தார். தெரிவு செய்வது வேறு, தெரிவு செய்ததால் பயன்பெறுவது வேறு என்ற பாடம் முதல் நாளிலேயே கற்பிக்கப்பட்டுவிட்டது.

இன்று 32 கழகங்கள் ஏழு சுற்றுக்களில் வீரர்களைத் தெரிவு செய்கின்றன. தெரிவுக்கு முன்னர் இளைஞர்கள் இந்தியானாபொலிஸ் நகரில் ஒன்றுகூட்டப்படுவர். அங்கு அவர்களின் உயரமும் நிறையும் கையின் நீளமும் அளக்கப்படும். நாற்பது யார் தூரத்தை எத்தனை விநாடியில் ஓடுகின்றனர் என்பது நொடியின் நூறில் ஒரு பங்குவரை கணிக்கப்படும். இவ்வளவும் செய்தபின், ஒரு கழகம் தன் முறை வரும்பொழுது இரண்டு வழிகளுள் ஒன்றை நாடவேண்டும். எஞ்சியிருப்போருள் மிகச் சிறந்தவரை, அவர் எந்த இடத்தில் ஆடுபவராயினும், எடுத்துக்கொள்வது ஒரு வழி. தன் அணியில் எந்த இடம் வெறுமையாக உள்ளதோ அதை நிரப்பக்கூடியவரை எடுப்பது மற்றொரு வழி. கூரை ஒழுகும் வீட்டுக்காரன், சந்தையில் மலிவாகக் கிடைத்தது என்று நல்ல கட்டிலொன்றை வாங்கிவருவானா என்று கேட்பர் ஒரு சாரார். கூரையை அடுத்த மாதமும் வேயலாம், இத்தகைய கட்டில் மறுபடியும் கிடைக்குமா என்பர் மறு சாரார். இவ்விவாதம் ஆண்டுதோறும் புதிதாகத் தொடங்கும். எந்த ஆண்டும் முடிந்ததில்லை.

தெரிவோடு தொல்லை தீர்ந்துவிடுவதில்லை. கோடைக்காலப் பயிற்சிக்குத் தொண்ணூறு பேர் வரை அழைக்கப்படுவர். போட்டிப் பருவம் தொடங்குமுன் அப்பட்டியல் 53 ஆகக் குறைக்கப்படவேண்டும். நாடெங்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அவ்வாறு நீக்கப்படுகின்றனர். சிலர் பயிற்சிக் குழுவிற் சேர்க்கப்படுவர்; பலர் வீடு திரும்புவர். இதனோடு ஊதிய வரம்பு என்ற ஒன்றும் 1994 முதல் நடைமுறையில் உள்ளது. ஒரு கழகம் தன் வீரர் எல்லோருக்குமாகச் செலவிடத்தக்க தொகைக்கு அது எல்லை வகுக்கின்றது. 1994இல் 3 கோடி 46 இலட்சம் டொலராக இருந்த அவ்வரம்பு 2024இல் 25 கோடி 54 இலட்சம் டொலராக உயர்ந்தது. ஆகவே, பல்லாண்டு உழைத்த மூத்த வீரரை வைத்துக்கொள்வதா, குறைந்த ஊதியத்துக்கு ஆடும் இளையவருக்கு இடமளிப்பதா என்ற கேள்வி, நன்றியறிதலுக்கும் கணக்குக்கும் இடையே நிகழும் வழக்காகவே இரசிகர் முன் வந்து நிற்கின்றது.

இத்தகைய விவாதம் எத்துணை தூரம் செல்லும் என்பதற்கு 1999ஆம் ஆண்டு பில்லடெல்பியாவில் நடந்த நிகழ்ச்சி தக்க சான்றாகும். அதற்கு முந்திய பருவத்தில் ஈகிள்ஸ் அணி பதினாறு ஆட்டங்களுள் மூன்றில் மட்டுமே வென்றது. ஆகவே இரண்டாவது தெரிவு அதற்குக் கிடைத்தது. ரெக்சஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவரும், பந்தை ஏந்தி ஓடுவதில் நிகரற்றவர் எனப் பேர்பெற்றவருமான றிக்கி வில்லியம்சையே நகர மக்களுட் பலர் விரும்பினர். நகர முதல்வரும் அவர் பெயரையே வெளிப்படையாக ஆதரித்தார். அந்நகரின் விளையாட்டு வானொலி நிலையமொன்றில் காலை நிகழ்ச்சி நடத்துவோர், நேயர்கள் சிலரைத் திரட்டி, பேருந்திலேற்றி, தெரிவு நடைபெறும் நியூயோர்க் மண்டபத்துக்கே அழைத்துச் சென்றனர். ஏப்பிரல் 17ஆம் நாள், ஈகிள்ஸ் கழகம் தெரிந்தெடுத்தவர் சிறக்கியூஸ் பல்கலைக்கழகத்துக் குவாட்டர்பக் டொனவன் மக்நாப் என்று அறிவிக்கப்பட்டது. வாழ்நாளிலே மிகவும் மகிழ்ச்சிக்குரிய வேளை என்று எண்ணி மேடையேறிய அவ்விளைஞரை, தாம் ஆடப்போகும் நகரத்து மக்களே கூவென்று இரைந்து இகழ்ந்தனர்.

அந்த இரசிகர் அறிவிலிகளா? அவ்வாறு கூறுவது நியாயமாகாது. அவ்வாண்டின் முதற் பன்னிரண்டு தெரிவுகளுள் ஐந்து குவாட்டர்பக்குகளுக்கே சென்றன. அவ்வைவருள் மூவர் நெடுங்காலம் நிலைத்து நிற்கவில்லை. ஆகவே, குவாட்டர்பக்கை நம்பி இரண்டாம் இடத்தைச் செலவிடுவது ஆபத்து என்ற அவர்களின் அச்சம் பொதுவகையிற் சரியானதே. மக்நாப் என்ற குறிப்பிட்ட மனிதரைப் பொறுத்தமட்டிலேயே அது பிழைத்தது. அவர் பின்வந்த பத்தாண்டுகளில் அணியை ஐந்து முறை பிரிவின் இறுதி ஆட்டத்துக்குக் கொண்டுசென்றார். 2005 பெப்ரவரியில் 'சுப்பர் போல்' என்னும் இறுதிப் போட்டியிலும் ஆடச்செய்தார். அதில் 24க்கு 21 என்ற கணக்கிலேயே தோல்வி நேர்ந்தது.

வில்லியம்சின் கதை எவ்வாறாயிற்று? அவரைப் பெறுவதற்காக நியூ ஓர்லியன்ஸ் கழகம் அவ்வாண்டில் தனக்கிருந்த தெரிவுகள் அனைத்தையும், அடுத்த ஆண்டின் முதலாம் மூன்றாம் சுற்றுத் தெரிவுகளையும் விலையாகக் கொடுத்து ஐந்தாம் இடத்தைப் பெற்றது. அப்பருவத்தில் அது பதினாறில் மூன்றே ஆட்டங்களில் வென்றது, பயிற்றுநரும் பதவியிழந்தார். வில்லியம்ஸ் திறமையற்றவர் அல்லர். மியாமி கழகத்துக்கு மாறியபின், 2002இல் பந்தேந்தி ஓடியதில் அவரே நாட்டில் முதலிடம் பெற்றார். எவரையும் தனியே மதிப்பிடுவது போதாது, அவருக்காகக் கொடுத்த விலையையும் சேர்த்தே மதிப்பிடவேண்டும் என்பதையே இது உணர்த்துகின்றது.

அறிஞர் சிலரும் இதனை ஆராய்ந்துள்ளனர். 2017இல் பொருளியலுக்கான நோபெல் பரிசு பெற்ற றிச்சட் தேலரும் அவர் துணைவர் கேட் மாசியும் 2013இல் வெளியிட்ட ஆய்வொன்றில், ஒரே இடத்துக்குரிய வீரருள் முன்னர் தெரியப்பட்டவரையும் அவரை அடுத்துத் தெரியப்பட்டவரையும் ஒப்பிட்டனர். முந்தியவர் பிந்தியவரிலும் சிறந்து விளங்கிய வேளைகள் நூற்றுக்கு 52 அளவினவே. நாணயத்தைச் சுண்டிவிட்டுப் பூவா தலையா பார்த்தால் கிடைப்பதிலும் இது சிறிதே கூடியது. நிபுணர் நாடெல்லாம் திரிந்து, நாழிகை வைத்து அளந்து பெற்ற பயன் இவ்வளவே. 2000ஆம் ஆண்டின் தெரிவில் 198 பேர் கழிந்த பின்னரே ரொம் பிரேடி என்பவரின் பெயர் வாசிக்கப்பட்டது. அவரே பிற்காலத்தில் ஏழு முறை சுப்பர் போல் வெற்றியிற் பங்குகொண்டார். 2005இல் மக்நாப்பின் அணியைத் தோற்கடித்தவரும் அவரே.

'விளையும் பயிர் முளையிலே தெரியும்' என்பது பழமொழி. உழவன் அறிந்த வயலில், அறிந்த நெல்லுக்கு அது பொருந்தலாம். ஆனால் ஓரிடத்தில் முளைத்ததைப் பிடுங்கி வேறு மண்ணில் நடும்பொழுது, முளையோடு மண்ணும் நீரும் காவலும் சேர்ந்தே விளைச்சலைத் தீர்மானிக்கின்றன. நல்ல பயிற்றுநரும், தன்னைக் காக்கும் வலிய துணைவரும் வாய்த்த இளைஞர் தழைக்கிறார். அவை வாயாதவர் வாடுகிறார். மக்நாப்புக்கு அண்டி றீட் என்ற பொறுமைமிக்க பயிற்றுநர் வாய்த்தமையை இங்கு மறத்தலாகாது.

பில்லடெல்பியா பின்னரும் இப்பாடத்தைப் பலமுறை கற்றது. 2016இல் பெருவிலை கொடுத்து இரண்டாம் இடத்தை வாங்கி, காசன் வென்ஸ் என்ற குவாட்டர்பக்கை எடுத்தது. அடுத்த பருவத்தில் அவர் சிறப்பாக ஆடி முழங்காற் காயமுற்று விலக, பதிலாளாக இருந்த நிக் போல்ஸ் என்பவரே 2018 பெப்ரவரியில் பிரேடியின் அணியை வென்று அந்நகருக்கு முதலாவது சுப்பர் போல் கிண்ணத்தை ஈட்டித் தந்தார். 2020இல், வென்ஸ் இருக்கவே, இரண்டாஞ் சுற்றில் ஜேலன் ஹேர்ட்ஸ் என்ற மற்றொரு குவாட்டர்பக் தெரிந்தெடுக்கப்பட்டார். தேவையற்ற செலவு என்று இரசிகர் பலர் சினந்தனர். அந்த ஹேர்ட்சே 2025 பெப்ரவரியில் இரண்டாவது கிண்ணத்தை வென்றளித்தார். எதிரணியின் பயிற்றுநராக நின்றவர் அதே அண்டி றீட் என்பதும் குறிப்பிடத்தக்கது.

இவ்வளவு முறை பிழைத்தும் இரசிகர் ஏன் ஓயாது விவாதிக்கின்றனர்? உரிமையாளர் மாறுகின்றனர், பயிற்றுநர் மாறுகின்றனர், வீரரும் ஊர் மாறுகின்றனர். தந்தையிடமிருந்து மகனுக்கு வந்த பற்றோடு அவ்வூரிலேயே நிற்பவர் இரசிகர் ஒருவரே. நிபுணரும் உறுதியாக அறியாத ஒன்றைப் பற்றித் தாமும் கருத்துக் கூறலாம் என்று அவர் எண்ணுவதிற் பெருந்தவறு இல்லை. தோற்ற அணிக்கு முதலிடம் என்ற பெல்லின் ஏற்பாடு, எந்த ஊராருக்கும் அடுத்த ஆண்டு நன்மை வரும் என்ற நம்பிக்கையை அளிக்கின்றது. அந்நம்பிக்கையின் மறுபெயரே இவ்விவாதம்.

ஆயினும் ஒன்றை அவர் சிந்தித்தல் நன்று. தெரிவு செய்யப்படும் இளைஞருக்குத் தாம் ஆடவேண்டிய ஊரைத் தெரியும் உரிமை இல்லை. இரசிகரின் கணிப்பு பிழைத்தால் அவருக்கு நட்டம் எதுவும் இல்லை. அவ்விளைஞருக்கோ அவர் தொழிலும் நற்பெயருமே பணயமாகின்றன. தெரிவின் நன்மை தீமை விளங்க ஐந்தாண்டு செல்லும். கூக்குரல் எழ ஐந்து விநாடி போதும்.

2013 செப்டெம்பரில் பில்லடெல்பியா ஆடுகளத்தில், மக்நாப் அணிந்த ஐந்தாம் இலக்கத்தை இனி வேறெவரும் அணிவதில்லை என்று அக்கழகம் அறிவித்துச் சிறப்புச் செய்தது. திரண்டிருந்த மக்கள் எழுந்து நின்று கரகோஷஞ் செய்தனர். பதினான்கு ஆண்டுகளுக்கு முன் நியூயோர்க் மண்டபத்திற் கேட்ட இரைச்சலுக்கு அந்நகரம் அளித்த மறுமொழி என்று அதனைக் கொள்ளலாம்.