டூமின் கோப்பும் பட்டப்படிப்பும்

1993 டிசம்பர் 10 அன்று வெளியான ‘டூம்’ விளையாட்டில் சுவர், கதவு, பேய், துப்பாக்கிச் சத்தம் எல்லாவற்றையும் ஒரே கோப்புக்குள் வைத்திருந்தார்கள். விளையாட்டை ஓட்டும் நிரல் தனி. அது எடுத்துக் காட்டும் சரக்கு இந்த ‘வாட்’ கோப்பில் தனி. அதற்கு ஒரு காரணம் உண்டு. முந்தைய ஆண்டு அதே ஐடி சாஃப்ட்வேர் நிறுவனம் கொண்டுவந்த ‘உல்ஃபன்ஸ்டைன் 3டி’யை ரசிகர்கள் யாரையும் கேட்காமல் பிரித்துப் போட்டு, தங்கள் சொந்த அறைகளையும் தாழ்வாரங்களையும் அதற்குள் கட்டிவைத்திருந்தார்கள். தலைமை நிரலாளர் ஜான் கார்மாக்குக்கு அது பிடித்துப் போயிற்று. அடுத்த விளையாட்டில் அவர்களுக்கு வழியைத் திறந்தே வைத்தார்.

வழி திறந்திருந்தது, வழிகாட்டத்தான் யாரும் இல்லை. நிறுவனம் தன் வரைபடங்களை நெக்ஸ்ட் கணினிகளில் வரைந்தது. வாங்கியவர் வீட்டில் இருந்ததோ டாஸ். இப்படி விளையாட்டைத் திருத்தும் மாடிங்கைக் கற்க நினைத்தவர் கோப்பைப் பதினறும எண்களாகத் திறந்து வைத்துக்கொண்டு உற்றுப் பார்க்க வேண்டியிருந்தது. முதல் 12 பைட் தலைப்பு: நான்கெழுத்து அடையாளம், உள்ளே எத்தனை துண்டுகள், அவற்றின் அட்டவணை எங்கே தொடங்குகிறது. அட்டவணையில் துண்டு ஒன்றுக்கு 16 பைட். வரைபடத்தில் நிற்கும் பொருள் ஒவ்வொன்றுக்கும் 10 பைட்: கிழக்கு மேற்காக எங்கே, தெற்கு வடக்காக எங்கே, எந்தப் பக்கம் பார்க்கிறது, என்ன வகை, எந்தக் கடின நிலையில் தோன்ற வேண்டும். வகை எண் 3001 என்றால் நெருப்பை எறியும் பேய். அதை 2001 ஆக்கினால் பேய் நின்ற இடத்தில் ஷாட்கன் கிடக்கும். ஆனால் எண்ணின் சிறிய பைட் முன்னும் பெரிய பைட் பின்னுமாக எழுதியிருக்கும். இதைக் கல்லூரியில் கணினி அமைப்பு வகுப்பில் சொல்லித் தருவார்கள். பலகையில் எழுதியதைப் படித்துத் தேர்வில் எழுதுவோம். அன்று ஒரு பையன் அதைத் தெரிந்துகொண்டது, பேய் ஏன் போகவில்லை என்று மண்டையை உடைத்துக்கொண்ட இரவில்.

1994 தொடக்கத்திலேயே நியூசிலாந்தின் பிரெண்டன் வைபரும் பெல்ஜியத்தின் ரஃபேல் கினேயும் சேர்ந்து டியூ என்ற வரைபடக் கருவியைக் கொண்டுவந்துவிட்டார்கள். அதே ஆண்டு மேட் ஃபெல் என்பவர் வாட் கோப்பின் ஒவ்வொரு பைட்டுக்கும் விளக்கம் எழுதி, வெறும் எழுத்துக் கோப்பாகச் சுற்றுக்கு விட்டார். அந்தக் காலத்து மாடிங்குக்குப் பாடப்புத்தகம் என்று ஒன்று இருந்தால் அதுதான். இவற்றுக்கு நிறுவனம் சம்பளம் கொடுக்கவில்லை.

முறையான படிப்பு வேண்டுமா என்ற கேள்வி இங்கேயே கொஞ்சம் சிக்கலாகிறது. டூமின் வரைபடத்தை வரைந்து முடித்தால் மட்டும் விளையாட்டு அதை ஏற்றுக்கொள்ளாது. எந்தச் சுவர் முன்னே, எது பின்னே என்று ஓடும்போதே கணக்கிட அன்றைய கணினிக்கு வேகம் போதாது. ஆகவே வரைபடத்தை முன்கூட்டியே இரண்டிரண்டாக வெட்டி, ஒரு மரமாக அடுக்கித் தர வேண்டும். இந்த முறை ஃபுக்ஸ், கெடெம், நெய்லர் ஆகிய மூவரும் 1980இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் வந்தது. கார்மாக் மிசூரி–கான்சஸ் சிட்டி பல்கலைக்கழகத்தில் இரண்டு பருவங்கள் இருந்துவிட்டு வெளியேறியவர். பட்டத்தை விட்டுவிட்டுப் போனவர், பல்கலைக்கழகத்தின் கட்டுரையை விடவில்லை. அவருடைய கோப்பைப் பிரித்தவர்களும் வேறு வழியின்றி அந்த மரத்தை வெட்டக் கற்றார்கள். கட்டாயம் என்று ஒன்று அன்றும் இருந்தது. அதை விதித்தது பல்கலைக்கழகம் அல்ல, கோப்பு.

இன்று அதே டூமுக்கு வரைபடம் செய்ய அல்டிமேட் டூம் பில்டர் போன்ற கருவிகள் இலவசம். சேமிக்கும் பொத்தானை அழுத்தியதும் மரம் தானாக வெட்டப்பட்டுவிடும். அப்படியொரு மரம் இருப்பதே தெரியாமல் பத்து வரைபடங்கள் செய்துவிடலாம். டூமை வடிவமைத்தவர்களில் ஒருவரான ஜான் ரொமேரோ 2019இல் ‘சிஜில்’ என்ற புதிய அத்தியாயத்தை வெளியிட்டபோது, அவரே ரசிகர்கள் செய்த கருவியில்தான் வரைந்தார்.

டூமுக்கும் இன்றைக்கும் நடுவே ஒரு பத்தாண்டு, மாட் ஒன்றே நியமன ஆணையாக இருந்த காலம். 1996இல் ‘குவேக்’ வந்தபோது அதனுடன் குவேக்-சி என்ற சிறு நிரல்மொழியும் வந்தது. ஆஸ்திரேலியாவிலிருந்து ராபின் வாக்கர், ஜான் குக், இயன் காஃலி மூவரும் அதில் ‘டீம் ஃபோர்ட்ரெஸ்’ எழுதினார்கள். வால்வ் நிறுவனம் அந்தக் குழுவை அழைத்துக்கொண்டது. 1999இல் ‘ஹாஃப்-லைஃப்’ விளையாட்டின் மேல் ‘கவுண்டர்-ஸ்ட்ரைக்’ கட்டிய மின் லெ கணினி அறிவியல் மாணவர்தான். ஆனால் துப்பாக்கியைச் செதுக்குவதும் அதன் அசைவை அமைப்பதும் அவருடைய பாடத்திட்டத்தில் இருந்திருக்க வாய்ப்பில்லை. அவரும் ஜெஸ் கிளிஃபும் செய்ததை வால்வ் 2000இல் கடைக்குக் கொண்டுபோனது.

அதே பத்தாண்டில்தான் கல்விக்கூடங்களும் விழித்துக்கொண்டன. ஸ்காட்லாந்தின் டண்டீ நகரிலுள்ள அபர்டே பல்கலைக்கழகம் 1997இல் கணினி விளையாட்டுக்கென்றே பட்டப்படிப்பைத் தொடங்கியது. அமெரிக்காவின் ரெட்மண்டில் டிஜிபென் 1998இல் கதவைத் திறந்தது. டிஜிபென் மாணவர்கள் 2005இல் செய்த ‘நார்பாகுலர் டிராப்’ என்ற சிறு விளையாட்டைப் பார்த்த வால்வ், அந்தக் குழுவையும் அப்படியே எடுத்துக்கொண்டது. 2007இல் அது ‘போர்ட்டல்’ ஆயிற்று. பட்டம் வாங்கியவருக்கும் வாங்காதவருக்கும் ஒரே அலுவலகத்தில் நாற்காலி கிடைத்தது. கேட்டது சான்றிதழை அல்ல, ஓடும் விளையாட்டை.

நம் ஊரில் இந்தக் காற்று அடித்தது ப்ரௌசிங் சென்டர்களில். ‘ஜிடிஏ வைஸ் சிட்டி’யின் டேட்டா ஃபோல்டரில் ஹேண்ட்லிங்.சிஎஃப்ஜி என்று ஒரு கோப்பு உண்டு. நோட்பேடிலேயே திறக்கும். ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு வரி: எடை, உச்ச வேகம், பிரேக், சக்கரப் பிடிப்பு. எந்த நெடுவரிசை எதைக் குறிக்கிறது என்ற விளக்கத்தை, செய்தவர்களே கோப்பின் தலையில் எழுதி வைத்திருந்தார்கள். எடையைக் குறைத்து வேகத்தைக் கூட்டினால் கார் திருப்பத்தில் தூக்கி எறியப்படும். ஏன் என்று பத்தாம் வகுப்பு இயற்பியல் ஆசிரியர் சொல்லியிருப்பார். அங்கே கேட்காத காது இங்கே கேட்டது. இதற்கெல்லாம் கட்டணம் ஒரு மணி நேரத்து இன்டர்நெட் காசு. மையத்து அண்ணன் பார்த்துவிட்டால் திட்டும் உண்டு.

டூமின் முழுப் பதிப்பில் வாட் கோப்பு சுமார் 11 எம்பி. 2011இல் வந்த ‘ஸ்கைரிம்’ வட்டில் 6 ஜிபி இடம் கேட்டது. அதைச் செய்தவர்கள் ஏறக்குறைய 100 பேர். ஆனால் அந்தப் பெரிய விளையாட்டைத் திருத்துவது, சின்ன டூமைத் திருத்துவதைவிட எளிதாக இருந்தது; 2012 பிப்ரவரியில் ஸ்கைரிமைச் செய்த பெதஸ்டா நிறுவனம் தான் பயன்படுத்திய கருவியையே, கிரியேஷன் கிட் என்ற பெயரில் இலவசமாகக் கொடுத்துவிட்டது. பெற்றதில் எனக்குப் பெரிதாகப் படுவது இதுதான். கோப்பை உடைக்கத் தெரிந்தவர்களுக்கு மட்டும் திறந்த இடத்தில், கதை சொல்லத் தெரிந்தவர்களும் இசை தெரிந்தவர்களும் நுழைந்தார்கள். அலெக்சாண்டர் வெலிக்கி 19 வயதில், 2,000 மணி நேரத்துக்கு மேல் செலவிட்டு ‘ஃபால்ஸ்கார்’ என்ற புதிய நிலப்பரப்பையே சேர்த்தார், 2013இல் வெளியானது. பெதஸ்டாவில் வேலை கிடைக்க வேண்டும் என்றே அதைச் செய்ததாக ஒளிக்காமல் சொன்னார். வேலை கிடைத்தது, பங்கி நிறுவனத்தில்.

நிக் பியர்ஸ் ஆஸ்திரேலிய வழக்கறிஞர். ஓய்வு நேரத்தில் சுமார் மூன்று ஆண்டுகள் உட்கார்ந்து அவர் செய்த ‘தி ஃபர்காட்டன் சிட்டி’ 2015இல் ஸ்கைரிமின் மாடாக வெளியாயிற்று. ஒருவர் குற்றம் செய்தால் ஊரே தண்டிக்கப்படும் நகரம். யார் செய்யப்போகிறார் என்று துப்புத் துலக்க வேண்டும். அதன் எழுத்துக்கு ஆஸ்திரேலிய எழுத்தாளர் சங்கத்தின் விருது கிடைத்தது. பிறகு வேலையை விட்டு, சிறு குழு சேர்த்து, 2021இல் அதைத் தனி விளையாட்டாகவே கொண்டுவந்தார். இவர் முறையாகப் படித்தவர்தான், சட்டம். எந்த விளையாட்டுக் கல்லூரியும் அவருக்கு அந்தக் கதையின் முடிச்சைக் கொடுத்திருக்காது. ‘பப்ஜி’யின் பிரெண்டன் கிரீன் அயர்லாந்துக்காரர்; புகைப்படமும் வலைத்தள வடிவமைப்பும் செய்தவர். ‘ஆர்மா 2’வின் மேல் டீன் ஹால் கட்டிய ‘டேஸீ’, அதன் மேல் கிரீன் கட்டிய மாட், அதிலிருந்து 2017இல் பப்ஜி. ஹால் நியூசிலாந்து ராணுவத்தில் இருந்தவர்.

இத்தனை கதவுகள் திறந்தபின், கோப்பு எங்கே போயிற்று? 2023 மார்ச்சில் ‘ஃபோர்ட்நைட்’ விளையாட்டுக்கு எபிக் நிறுவனம் கொடுத்த கருவியும், வெர்ஸ் என்ற புதிய நிரல்மொழியும் மிகத் தரமானவை. வெர்ஸை உருவாக்குவோரில் ஹாஸ்கெல் மொழியின் வடிவமைப்பாளர்களில் ஒருவரான சைமன் பெய்டன் ஜோன்ஸ் இருக்கிறார். பேராசிரியராக இருந்தவர், முனைவர் பட்டம் வாங்கியதில்லை என்பது தனிச் செய்தி. அன்று கல்லூரியை விட்ட கார்மாக் ஆய்வுக் கட்டுரையைத் தேடிப் போனார். இன்று ஆய்வாளரே கருவிக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறார். ஆனால் அந்தக் கருவியில் பையன் செய்யும் தீவு (ஃபோர்ட்நைட்டில் வரைபடத்துக்கு அதுதான் பெயர்) அவன் கணினியிலிருந்து ஓடாது. எபிக்கின் சர்வரில், எபிக்கின் நிபந்தனைகளுக்கு உட்பட்டு ஓடும். 1994இல் ஜஸ்டின் ஃபிஷர் டூமுக்குச் செய்த ‘ஏலியன்ஸ் டிசி’யை இன்றும் இறக்கி விளையாடலாம். இந்தத் தீவுகளுக்கு அப்படியொரு ஆயுள் கிடைக்குமா என்பது செய்தவர் கையில் இல்லை. பல இணைய விளையாட்டுகளில் கோப்பைத் தொட்டாலே ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் வெளியே தள்ளிவிடுகிறது. பழுது பார்க்கப் பிரித்தவனையும் திருடனையும் அதற்குப் பிரித்தறியத் தெரியாது.

பணமும் இடையில் வந்து போனது. 2015 ஏப்ரலில் ஸ்கைரிம் மாட்களை விலைக்கு விற்க வால்வும் பெதஸ்டாவும் ஏற்பாடு செய்தன. செய்தவருக்கு 25 சதவீதம். எதிர்ப்பு கிளம்பி ஒரு வாரத்துக்குள் திட்டத்தைத் திரும்பப் பெற்றார்கள்.

படிப்புக்கு என் கட்சியில் இடமில்லை என்று நினைக்க வேண்டாம். மாட் செய்ய அது தேவையில்லை. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் பத்துப் பேர் சேர்ந்து ஒரே நிரலைக் கெடுக்காமல் எழுதுவது, பிடிக்காத வேலையையும் கெடுவுக்குள் முடிப்பது, தன் வரைபடம் சலிப்பூட்டுகிறது என்று ஒருவர் முகத்துக்கு நேரே சொல்லக் கேட்பது, இவற்றைத் தனியறையில் கற்பது கடினம். டூம் காலத்துப் பையன் பாதியில் விட்டுப்போன மாட்கள் ஏராளம். அவற்றின் பட்டியலை யாரும் வைத்திருக்கவில்லை. வெற்றி பெற்றவர்களை வைத்தே நாம் வரலாறு பேசுகிறோம், நானும் இதுவரை அப்படித்தான் பேசினேன்.

இப்போது தமிழ்நாட்டில் மாடிங் அதிகம் நடப்பது பேருந்துகளில். 2017இல் வந்த ‘பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியா’ வெளியார் செய்யும் வண்டிகளை ஏற்கும் கைப்பேசி விளையாட்டு. அதில் அரசு விரைவுப் பேருந்தும் மஃப்சல் வண்டியும் ஆம்னி பஸ்ஸும் ஓடுகின்றன. வெளிப் பூச்சு வெறும் ஒரு பிஎன்ஜி படம். போட்டோ எடிட்டிங் தெரிந்த எவரும் தொடங்கிவிடலாம். வண்டியையே கட்ட பிளெண்டர் போன்ற முப்பரிமாண மென்பொருள் வேண்டும், அதுவும் இலவசம். பாலிகான்களைக் குறைக்காவிட்டால் விலை குறைந்த போன் திணறும், சூடேறும். எப்படிக் குறைப்பது என்பதை யூடியூபில் தமிழிலேயே சொல்லித் தருகிறார்கள். மேட் ஃபெல்லின் ஆங்கிலக் குறிப்பை அகராதியோடு படித்தவனுக்குக் கிடைக்காத வசதி இது.

அந்தப் பேருந்தின் சக்கரம் சுழல்வது அணிப் பெருக்கல். முகப்பு விளக்கின் ஒளி தார்ச்சாலையில் எப்படி விழும் என்பது இரண்டு வெக்டர்களின் புள்ளிப் பெருக்கல். இரண்டும் தமிழ்நாட்டுப் பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தின் முதல் தொகுதியில் இருக்கின்றன. ஐந்து மதிப்பெண் கேள்வியாகவும் வருகின்றன. பஸ் செய்யும் பையன்களில் பலர் அந்தப் புத்தகத்தைப் பையில் வைத்திருக்கும் வயதினர். சக்கரம் கோணலாகச் சுற்றும்போது அவர்கள் வீடியோவைத்தான் தேடுகிறார்கள்.