பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன்! அடுக்குமாடி பராமரிப்புப் பணம் எங்கே போகிறது?

தாம்பரம்:-

ராத்திரி மணி பதினொன்று. சேலையூர் பக்கம் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு என்று வைத்துக்கொள்வோம். தண்ணீர் லாரி நுழைகிறது. அரை மணியில் திரும்பிப் போகிறது. வீட்டுக்காரர்கள் தூக்கத்தில். வாட்ச்மேன் நோட்டில் ஒரு கோடு போடுகிறார்.

மாதக் கடைசியில் பில்!

“ஏம்ப்பா, வந்தது பத்து லாரி. பில்லுல பதினாலு இருக்கே?”

யாரைக் கேட்பது? லாரியைக் கூப்பிட்டவர் மேனேஜர். எண்ணியவர் மேனேஜர் வைத்த ஆள். பில்லை ‘ஓகே’ செய்தவரும் மேனேஜர்தான். அந்த லாரிக்காரர் அவருக்கே வேண்டப்பட்டவராக இருந்துவிட்டால்?

36 லட்சம்!

5 நகராட்சிகளும் 5 பேரூராட்சிகளும் சேர்ந்து 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி உருவானது. வார்டுகள் 70. தனி வீடு இருந்த மனைகளில் இன்று அடுக்ககங்கள். வீடு பெருகப் பெருக, பராமரிப்புத் தொழிலும் பெருகிவிட்டது.

ஒரு சின்னக் கணக்கு. 100 வீடு, வீட்டுக்கு மாதம் 3,000 ரூபாய். வருஷத்துக்கு 36 லட்சம்! தண்ணீர், லிப்ட், ஜெனரேட்டர் டீசல், காவல், கழிவுநீர் சுத்திகரிப்பு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு காண்டிராக்ட். பத்து ரூபாய்க்கு ஒரு ரூபாய் கமிஷன் கைமாறினாலே 3 லட்சத்து 60 ஆயிரம் போச்சு!

கசிவுக்கு யார் பொறுப்பு?

2016-ம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டப்படி, கட்டிடத்தின் அமைப்பிலோ வேலைத் தரத்திலோ குறை இருந்தால், வீட்டை ஒப்படைத்த 5 ஆண்டுக்குள் சொன்னால் கட்டியவரே 30 நாளில் இலவசமாகச் சரிசெய்ய வேண்டும். சங்கம் பொறுப்பேற்கும் வரை நியாயமான கட்டணத்தில் பராமரிப்பதும் அவர் கடமை.

சிக்கல் இங்கேதான். கட்டியவரே தன் இன்னொரு கம்பெனியை மேனேஜராக வைத்தால், சுவர் கசியும்போது அந்த மேனேஜர் முதலாளி மீது புகார் எழுதுவாரா? ‘ரிப்பேர் செலவு’ என்று சங்கக் கணக்கிலேயே எழுதிவிட்டால், இலவசமாக நடக்க வேண்டிய வேலைக்கு வீட்டுக்காரர் பணம் கட்டுவார்!

கார் நிறுத்தும் இடத்திலும் இந்தத் தகராறு உண்டு. மும்பை வழக்கு ஒன்றில் 2010 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. திறந்தவெளி பார்க்கிங்கையும், தூண்களுக்கு நடுவே உள்ள பார்க்கிங்கையும் தனியாக விற்கக் கட்டுநருக்கு உரிமை இல்லை என்றது.

மேனேஜர் மட்டுமா?

சங்கச் செயலாளரின் மச்சானுக்கே பெயிண்ட் காண்டிராக்ட் போனால் அதுவும் இதே கதைதான். தப்பு நடந்ததா இல்லையா என்பது அடுத்த விஷயம். கொடுக்கிற கையும் வாங்குகிற கையும் ஒன்றாக இருந்தால் சந்தேகம் வரத்தான் செய்யும்.

என்ன செய்யலாம்?

* தண்ணீர் இறங்கும் குழாயில் மீட்டர் வையுங்கள். லாரி எத்தனை என்பதைவிட லிட்டர் எத்தனை என்பதே கணக்கு.

* எந்த வேலைக்கும் மூன்று இடத்தில் விலை கேளுங்கள்.

* ‘காண்டிராக்டரிடம் எனக்குப் பங்கோ கமிஷனோ இல்லை’ என்று மேனேஜரிடமும் கமிட்டியாரிடமும் எழுதி வாங்குங்கள்.

* செக்கில் இரண்டு கமிட்டி உறுப்பினர் கையெழுத்து. தணிக்கைக்கு வெளி ஆடிட்டர்.

கணக்கு காட்ட மறுத்தால்? 1975-ம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிவான சங்கம் என்றால், உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கு பேர் சேர்ந்து பதிவாளரிடம் விசாரணை கேட்கலாம்.

அதற்கு முதலில் பொதுக்குழுவுக்கு ஆள் வரவேண்டும். நூறு வீட்டில் இருபது பேர் வந்து டீ குடித்துவிட்டுக் கலைந்தால், சட்டம் அலமாரியிலேயே தூங்கும்.

இன்று ராத்திரி லாரிச் சத்தம் கேட்டால், ஒருவராவது கீழே இறங்கிப் பாருங்கள்!