ஓடுகள் பல, ஓவியம் ஒன்று

ஜெர்மனி நாட்டில் எல்பே ஆற்றின் கரையில் அமைந்துள்ள டிரெஸ்டன் நகரில், பழைய அரண்மனையைச் சார்ந்த ஒரு நெடுஞ்சுவர் உண்டு. அப்பகுதியை ஆண்ட வெட்டின் குலத்து மன்னர்கள் குதிரைகள்மீது அமர்ந்து அணிவகுத்துச் செல்லும் காட்சி, ஏறத்தாழ 102 மீட்டர் நீளத்திற்கு அச்சுவரில் விளங்குகின்றது. வில்ஹெல்ம் வால்தர் என்னும் ஓவியர், 1871 முதல் 1876 வரை உழைத்து, சுவரின் சாந்திலேயே அதனைக் கீறி அமைத்தார். மழையும் பனியும் அவ்வோவியத்தை விட்டுவைக்கவில்லை. சில பத்தாண்டுகளுக்குள் அது மங்கி உதிரத் தொடங்கியது. ஆகவே 1904-க்கும் 1907-க்கும் இடையே அவ்வோவியம் முழுவதும் மைசன் நகரத்துப் பீங்கான் ஓடுகளுக்கு மாற்றப்பட்டது. ஓடுகளின் எண்ணிக்கை சுமார் 23,000. 1945-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் பொழிந்த குண்டுகளால் அந்நகரின் நடுப்பகுதி தீக்கிரையாயிற்று. எனினும், முன்பே சூளையின் பெருந்தீயில் வெந்து பிறந்த அவ்வோடுகளுட் பெரும்பாலானவை அத்தீயைத் தாங்கி நின்றன.

சுவரோவியத்திற்கு ஓடு இத்துணை ஏற்றதாயினும், அதனிடம் ஓர் இடர்ப்பாடும் உண்டு. துணியும் பலகையும் ஒரே பரப்பாய் அமைவன; ஓடுகளோ துண்டு துண்டானவை. ஓவியத்தின் ஒவ்வொரு கோடும் ஓரோட்டிலிருந்து மற்றோரோட்டிற்குத் தாவியாக வேண்டும். டிரெஸ்டன் கலைஞர்கள் இணைப்பே தோன்றாதவாறு ஓடுகளை நெருங்கப் பதித்து இவ்விடரை நீக்கினர். போர்ச்சுகல் நாட்டு ஓவியர்களோ, ஓடுகளை முதலில் ஒன்றாக அடுக்கி நிறுத்தி, அவற்றின்மீது ஒருசேரத் தீட்டிய பின்னரே பிரித்தெடுத்துச் சூளையில் இடுவர். இம்முறையில், கோடு தாவும் இடத்தை ஓவியரின் கை தானே அறிந்துகொள்ளும்.

இக்காலத்தில் அக்கையின் இடத்தை லேசர் ஒளி பெற்றுள்ளது. லேசருக்கு அடிப்படையான கருத்தை ஐன்ஸ்டீன் 1917-ஆம் ஆண்டிலேயே வெளியிட்டார். 1960-ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் மைமன், மாணிக்கக் கல்லைக்கொண்டு முதல் லேசரை ஒளிரச் செய்தார். இந்தியாவிற் பிறந்து அமெரிக்காவில் ஆராய்ந்த குமார் பட்டேல், 1964-இல் கரியமில வாயுவால் இயங்கும் லேசரை அமைத்தார். கண்ணாடியையும் மரத்தையும் செதுக்கும் பொறிகளுட் பல இன்றும் அவ்வகையினவே. நீலவொளி தரும் சிறு லேசர்கள் பின்னர் வந்தவை. இன்று சிறு பட்டறைகளிலும் அவற்றைக் காணலாம்.

வெண்மையான ஓட்டின் மெருகில் நீலவொளி பட்டால், பெரும்பகுதி சிதறித் திரும்பிவிடும். வடு எளிதில் விழாது. அதனால், டைட்டேனியம் டை ஆக்சைடு கலந்த வெள்ளைப் பூச்சை ஓட்டின்மேல் மெல்லியதாகப் பூசி உலர்த்துகின்றனர். ஊசிமுனை போற் குவிந்த கதிர் அப்பூச்சின்மீது ஓடும்போது, வெப்பம் மிகுந்து, அவ்விடத்துப் பொருள் கருநிறம் அடைந்து மெருகோடு உருகி ஒட்டிவிடுகின்றது. எஞ்சிய பூச்சைக் கழுவி நீக்கியதும், வெள்ளை ஓட்டில் கரிய ஓவியம் வெளிப்படுகின்றது. சாம்பல் நிறம் என்று தோன்றுவதெல்லாம் செய்தித்தாட் படத்திற் போலப் புள்ளிகளின் அடர்த்தியே. ஒரு மில்லிமீட்டரில் பத்துக் கோடுகள் இழுக்க வல்ல பொறிக்கு இது பெரிய செயலன்று.

ஆனால் பொறியின் மேடை சிறியது. ஒரு நேரத்தில் ஓரோட்டையே அது பொறிக்கும். பக்கத்து ஓடு யாது என்பதை அது அறியாது. ஓவியரின் கை இயல்பாகச் செய்ததை இங்கே கணக்கினால் செய்யவேண்டியுள்ளது.

30 சென்டிமீட்டர் சதுர ஓடுகள் 24-ஐ, வரிசைக்கு ஆறாக நான்கு வரிசைகளில் பதிப்பதாகக் கொள்வோம். ஓடுகளுக்கிடையே 3 மில்லிமீட்டர் இடைவெளி விடப்படும். குறுக்கே ஐந்து இடைவெளிகள், நெடுக்கே மூன்று. எனவே சுவரில் ஓவியம் அடைக்கும் பரப்பு 1,800-க்கு 1,200 மில்லிமீட்டர் அன்று. 1,815-க்கு 1,209 ஆகும். இதனை எண்ணாது, படத்தை 24 சமதுண்டுகளாக வெட்டிப் பொறித்துவிட்டால், பதிக்கும்போது துண்டுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகும். கிடைக்கோடு நேராகவே தோன்றும். சாய்ந்த கோடோ இணைப்புத்தோறும் படி இறங்கும். வட்டம் பிளவுண்டு அகலும். முகமாயின், மூக்கு ஓரோட்டிலும் அதன் நிழல் வேறோரோட்டிலுமாக ஒவ்வாது நிற்கும்.

இதனைத் தவிர்க்கும் வழி, இடைவெளியையும் ஓவியத்தின் பகுதியாகக் கருதுவதே. கம்பிகளிட்ட சன்னல் வழியாகத் தெருவை நோக்குவோர்க்குக் கம்பிகளின் பின்னும் தெரு தொடர்ந்து செல்கின்றது அன்றோ? அதுபோலவே, ஓவியம் சாந்தின் பின்னாலும் தொடர்வதாகக் கொண்டு, அந்த 3 மில்லிமீட்டர் அகலப் பட்டையைப் பொறிக்காது நீக்கிவிட வேண்டும். சிறிது இழப்பு உண்டு. அவ்விழப்பு ஒரு கண்ணின் கருமணியிலோ மெல்லிய எழுத்திலோ விழுமாயின், படத்தையே சற்று இடமோ வலமோ நகர்த்தி, இணைப்பு வானத்திலோ ஆடையின் மடிப்பிலோ விழுமாறு செய்வது நலம். நல்ல வேலையாளரின் திறமை பெரும்பாலும் இந்நகர்த்தலிலேதான் இருக்கின்றது.

கணக்கு முற்றும் சரியாக இருப்பினும் கண் ஏமாறுவதுண்டு. சாய்ந்த கோடொன்று ஒரு பட்டையின் பின்னே மறைந்து மறுபுறம் வெளிப்படும்போது, நேராக இருந்தும் விலகியது போலத் தோன்றும். 1860-ஆம் ஆண்டில் இதனைக் கண்டு கூறிய பாகன்டார்ஃப் என்னும் ஜெர்மானிய இயற்பியலாரின் பெயராலேயே இம்மயக்கம் வழங்குகின்றது. பட்டை அகன்றால் மயக்கமும் வளரும். ஆதலால் ஓவிய ஓடுகளுக்கு இடைவெளி குறுகியதாகவும், அதனை நிரப்பும் சாந்து ஓட்டின் நிறத்தை ஒத்ததாகவும் இருத்தல் வேண்டும். கருஞ்சாந்திட்டால் காண்போர் கண்ணுக்கு முதலில் கட்டங்களே படும். ஓவியம் பிறகே படும்.

இனி, ஓடுகளின் குற்றம் ஒன்றும் உண்டு. சூளையில் வேகும்போது மண் சுருங்குகின்றது. எல்லா ஓடும் ஒரே அளவிற் சுருங்குவதில்லை. ஒரே பெட்டியிலுள்ள இரண்டு ஓடுகள்கூட அரை மில்லிமீட்டர் வேறுபடலாம். பொறியின் மேடையில் ஓட்டை ஒரு மூலையில் முட்டவைத்துப் பொறித்தால், அவ்வேறுபாடு முழுவதும் எதிர்மூலையிற் சேரும். ஓட்டின் நடுப்புள்ளியைக் கண்டு அதனையே அளவுக்குத் தொடக்கமாகக் கொண்டால், பிழை இருபுறமும் பாதி பாதியாகப் பிரிந்து கண்ணுக்குத் தெரியாது போகும். பதிக்கும் கொத்தனாரும் ஓரத்தோடு ஓரம் கணக்கிட்டுச் செல்லாமல், சுவரில் முன்னரே கட்டங்கள் வரைந்து, ஒவ்வோர் ஓட்டின் நடுவையும் கட்டத்தின் நடுவிற் பொருத்தவேண்டும். இல்லையேல் ஆறு ஓடுகளின் அரை மில்லிமீட்டர்கள் ஒன்றுகூடி, வரிசையின் இறுதியில் 3 மில்லிமீட்டராய் நிற்கும்.

நிறத்தின் ஒற்றுமையும் கருதத்தக்கது. புகையால் பொறியின் வில்லை மங்கினாலும், பூச்சு ஓரிடத்தில் தடித்தாலும், ஓடு சற்றே வளைந்து கதிரின் குவியம் பிறழ்ந்தாலும், பத்தாவது ஓடு முதல் ஓட்டைவிட வெளிறிவிடும். தனியே நோக்குவார்க்கு அது புலப்படாது. இரண்டையும் அருகருகே வைத்தவுடன் இணைப்பில் ஒரு கறை போலத் தெரியும். ஆகவே எல்லா ஓடுகளுக்கும் ஒரே நாளிற் பூச்சிடுவர். வில்லையை இடையிடையே துடைப்பர். கதிர் கண்ணிற் படாதிருக்கக் கண்ணாடி அணிதலும், புகை வெளியேற வழி செய்தலும் சொல்லாமலே அமையும்.

பொறித்த ஓட்டின் பின்புறத்தில் வரிசை எண்ணையும், மேற்புறம் எது என்று காட்டும் அம்பையும் இடுதல் வேண்டும். இது சிறு செய்தி போலத் தோன்றலாம். ஆயினும் சதுர ஓட்டை நான்கு விதமாகத் திருப்பலாம். வெறும் வானத்தைத் தாங்கிய ஓடுகள் பத்து இருப்பின், எது எங்கே என்று கொத்தனார் எவ்வாறு அறிவார்? சாந்து தொடுமுன் ஓடுகளைத் தரையிற் பரப்பி, ஏணிமீது நின்று ஒருமுறை நோக்கிவிடுதல் பின்வரும் பெருந்துன்பத்தைத் தவிர்க்கும். தரையில் கிடக்கும் ஓட்டை எடுத்துத் திருப்ப ஒரு நொடி போதும். சுவரில் இறுகிய ஓட்டை உடைத்தே எடுக்கவேண்டும்.

ஓரோடு உடைந்தாலும் ஓவியம் அழிவதில்லை. டிரெஸ்டன் சுவரை 1979-ஆம் ஆண்டளவில் செப்பனிட்டபோது, அப்பெரும் அணிவகுப்பில் ஒரு சிறு பகுதி ஓடுகளையே மாற்ற வேண்டியிருந்தது. அங்கே புதிய ஓட்டைத் தீட்டியோர், சுற்றிலும் உள்ள எட்டு ஓடுகளையும் நோக்கி நோக்கியே தீட்டியிருத்தல் வேண்டும். லேசர் வேலையாளர்க்கு அவ்வருமை இல்லை; கணிப்பொறியில் அத்துண்டின் படம் அப்படியே இருக்கும். ஆனால் அதே சூளையில் அதே நாளில் வெந்த ஓடு பின்னர்க் கிட்டுவது அரிது. அதனால் முன்னறிவுடையோர், 24 ஓடுகள் வேண்டிய இடத்திற்கு 28 ஓடுகள் வாங்கி, எஞ்சிய நான்கையும் பெட்டியோடு பரண்மீது எடுத்துவைக்கின்றனர்.