நெய்யாற்றின்கரையை எங்கே முறிப்பது?

வரி முடிவில் இந்த ஊர்ப் பெயரை எங்கே முறிப்பது என்ற கேள்வியே ஓலைச்சுவடிக் காலத்தில் எழுந்திருக்காது. ஓலையில் சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி விடுவதில்லை. ஓலை முடிகிற இடத்தில் சொல் முறியும். மீதி அடுத்த வரியில் தொடரும். முறிந்த இடத்தில் சிறுகோடு கிடையாது. தெற்குத் திருவிதாங்கூரில் வட்டெழுத்தும், அதன் வழிவந்த மலையாண்மையும் புழங்கிய நாட்கள் அவை.

அச்சு வந்ததும் வரியின் இரு ஓரமும் நேராக நிற்க வேண்டியதாயிற்று. லண்டன் மிஷன் பாதிரிமார் நாகர்கோவிலில் அச்சகம் வைத்தார்கள். ஈய எழுத்துக் கோக்கிறவர் வரியில் இடம் போதாவிட்டால் சொல்லை முறிப்பார். எங்கே முறிப்பது என்று தீர்மானித்தது அவருடைய காது.

பிறகு 1956 நவம்பர் 1 அன்று தமிழுக்கும் மலையாளத்துக்கும் நடுவே மாநில எல்லை விழுந்தது. சென்னை மாநிலத்தோடு சேர்க்கும்படி திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்ட தாலுகாக்களில் நெய்யாற்றின்கரையும் உண்டு. விளவங்கோடு சென்னை மாநிலத்துக்கு வந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தோடு நின்றது. களியக்காவிளையில் அரசின் மொழி தமிழ், அதைத் தாண்டிய பாறசாலையில் மலையாளம். ஆனாலும் தமிழ்ச் சிறுபான்மையினர் தமிழிலேயே அரசுக்கு எழுதலாம் என்று 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் இடம் தந்தது.

எல்லையின் இரு பக்கமும் இன்று சொல்லை முறிப்பதைக் கணினி செய்கிறது. தமிழ், மலையாளம் உள்ளிட்ட இந்திய மொழிகளுக்குச் சொல் முறிக்கும் விதிகளை எழுதியவர் சந்தோஷ் தோட்டிங்ஙல். டெக், லிப்ரே ஆபீஸ் போன்ற மென்பொருள்களில் அவை ஓடுகின்றன. மலையாள விதி கூட்டெழுத்தை உடைக்காது. அந்த லிபியில் நெய்யாற்றின்கரையின் இரண்டு யகரமும் ஒட்டிய ஒரே உருவம். அதனால் அங்கே வெட்டு விழாது. தமிழில் புள்ளி எழுத்து தனியாக நிற்கிறது. அது வரியின் தலையில் வரக்கூடாது, அதற்குப் பின்னால் வெட்டலாம் என்பது விதி. விதிப்படி சரிதான். ஆனால் 'நெய்' ஒரு வரியிலும் 'யாற்றின்கரை' அடுத்த வரியிலும் போய் விழலாம். படிக்கிறவர் முதலில் நெய்யைப் பார்ப்பார், பிறகுதான் ஊரைப் பார்ப்பார். நம் நாளிதழ்கள் வரி இறுதியில் பெரும்பாலும் சிறுகோடும் போடுவதில்லை என்பதால் தடுமாற்றம் கூடுகிறது. ஊர்ப் பெயர் ஒருவருடைய முகவரி. அதை இப்படி வெட்டுவது எனக்குப் பொறுக்கவில்லை.

பழைய அச்சுக்கோப்பவர் 'நெய்யாற்றின்' என்று நிறுத்தி, 'கரை'யைக் கீழே இறக்கியிருப்பார். இன்றும் அது முடியும். எல்லையோரத்தில் அழைப்பிதழும் ஆலய அறிக்கையும் தட்டச்சுவோர், ஒவ்வொரு பத்தியும் தமிழா மலையாளமா என்று கணினிக்கு முதலில் குறித்துச் சொல்ல வேண்டும். குறிக்காவிட்டால் அது தவறான விதியை எடுக்கும், இல்லையேல் முறிக்கவே முறிக்காது. மென்பொருளில் விதிவிலக்குப் பட்டியலுக்கும் இடம் இருக்கிறது. நெய்யாற்றின்கரை, களியக்காவிளை, விளவங்கோடு ஆகிய பெயர்கள் எங்கே முறியலாம் என்று அதில் ஒருமுறை எழுதிவைத்தால் போதும்.